மறை: வேதத்துக்குத் தமிழ் வைத்த பெயர்

அக்கா மகள் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். பக்தி இலக்கியத்தில் வேதக் கருத்துகள் என்று பள்ளியில் ஒரு கட்டுரை கேட்டிருக்கிறார்கள். அஸ்தம்பட்டியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தவள், நோட்டைத் தூக்கிக்கொண்டு கீழே வந்தாள்.

"மாமா, நான்மறைன்னா 'நான் மறைகிறேன்'னுதானே அர்த்தம்? கடவுள் நம்ம கண்ணுக்குத் தெரியாம மறைஞ்சிருக்காருன்னு ஒரு பத்தியே எழுதிட்டேன்."

சிரிப்பை அடக்கிக்கொண்டேன். அவள் பிரித்தது தப்பு. அது நால் + மறை. மகரம் வந்து சேரும்போது லகரம் னகரமாகிவிடும். நான்மாடக்கூடல், நான்மணிக்கடிகை எல்லாம் அப்படி வந்தவைதான். நான்மறை என்றால் நான்கு வேதங்கள். ஆனால் மறை என்ற சொல்லை மறைதலோடு முடிச்சுப் போட்டாளே, அது சரி. இந்தச் சொல்லின் கதையே அங்கேதான் இருக்கிறது.

மறை என்பது முதலில் வினை. மார்கழிக் காலையில் எங்கள் மாடியில் நின்று வடக்கே பார்த்தால் சேர்வராயன் மலை தெரியாது. "மலை மறைஞ்சிருச்சு" என்போம். மலை இல்லை என்று யாரும் சொல்வதில்லை. ஒன்பது மணி வெயிலுக்கு அது வந்துவிடும் என்று தெரியும். இருந்தும் தெரியாமல் இருப்பதுதான் மறைதல். இதே வினையைத் தன்வினையாகவும் பிறவினையாகவும் வைத்துத் திருமூலர் விளையாடிய பாட்டு பலருக்கும் மனப்பாடம்: "மரத்தை மறைத்தது மாமத யானை, மரத்தில் மறைந்தது மாமத யானை." மரப்பாச்சி யானையை யானையாகப் பார்த்தால் மரம் மறைகிறது, மரமாகப் பார்த்தால் யானை மறைகிறது. இரண்டு பார்வையிலும் எதுவும் காணாமல் போகவில்லை.

வினையிலிருந்து பெயர் வந்தபோது மறைக்கு முதலில் ரகசியம் என்று பொருள். குறளில் காதலி புலம்புகிறாள்: நான் அடக்கமுள்ளவள் என்று நினைத்திருந்தேன், என் காமமோ "மறையிறந்து மன்று படும்", அதாவது ஒளிவை விட்டு ஊர் நடுவே வந்து நிற்கிறது (1254). இங்கே வேதத்துக்கு வேலையே இல்லை. அதே வள்ளுவர் வேறோர் இடத்தில் "நிறைமொழி மாந்தர் பெருமை நிலத்து மறைமொழி காட்டி விடும்" என்கிறார் (28). இங்கே மறைமொழி என்றால் மந்திரம். தொல்காப்பியமும் நிறைமொழி மாந்தர் ஆணையிட்டுச் சொன்ன மறைமொழிதான் மந்திரம் என்கிறது. ரகசியத்திலிருந்து மந்திரத்துக்கும், மந்திரத்திலிருந்து மந்திரங்கள் அடங்கிய நூலுக்கும் சொல் படியேறி வந்திருப்பது தெரிகிறது.

இப்போது வேதம் என்ற சொல்லுக்கு வருவோம். வடமொழியில் வித் என்றால் அறி. வித்தை, வித்துவான் எல்லாம் அந்த வேரில் முளைத்தவை. அப்படியானால் வேதம் என்பதற்கு நேர்ச்சொல் அறிவு என்றுதான் இருக்க வேண்டும். தமிழ் அப்படிப் பெயர் வைக்கவில்லை. ஓதுகிறவர் அதை அறிவு என்றார். பக்கத்தில் நின்று பார்த்த தமிழ், தன் கண்ணுக்கும் காதுக்கும் பட்டதைப் பெயராக்கியது. ஓதிக்கொண்டே இருந்ததால் ஓத்து. காதால் கேட்டுக் கற்றதால் கேள்வி. எழுதி வைக்காததால் எழுதாக்கிளவி. எல்லோருக்கும் கிட்டாததால், கிட்டினாலும் பொருள் பிடிபடாததால் மறை. என் கணிப்பில் மறையை வேதத்தின் மொழிபெயர்ப்பு என்று சொல்வது அவ்வளவு சரியில்லை. தெருவில் ஓர் ஆளுக்கு நாம் வைக்கும் பட்டப்பெயர் மாதிரி அது.

வைத்த பெயரில் கொஞ்சம் குறும்பும் இருந்திருக்கலாம். குறுந்தொகையின் 156ஆம் பாட்டைப் பாருங்கள். காதலில் தவிக்கிற ஒருவனுக்கு அவனுடைய பார்ப்பனத் தோழன் புத்தி சொல்கிறான். கேட்டவன் திருப்பிக் கேட்கிறான்: பார்ப்பன மகனே, பார்ப்பன மகனே, "எழுதாக் கற்பின் நின் சொல் உள்ளும் பிரிந்தோர்ப் புணர்க்கும் பண்பின் மருந்தும் உண்டோ?" உன் எழுதாப் படிப்பில் பிரிந்தவரைச் சேர்த்து வைக்க மருந்து ஏதாவது இருக்கிறதா என்று அர்த்தம். முருக்க மரத்துக் கோலையும் கமண்டலத்தையும் பிடித்து நிற்கும் அந்தப் பையனுக்கு என்ன பதில் வாயில் வந்திருக்கும் என்று யோசித்துப் பார்ப்பேன். பாட்டில் பதில் இல்லை.

வேதம் என்ற சொல் தமிழில் பிற்காலத்தில் நுழைந்தது என்று சிலர் சொல்வதுண்டு. அது சரியில்லை. புறநானூற்றின் இரண்டாம் பாட்டிலேயே "நாஅல் வேத நெறி திரியினும்" என்று இருக்கிறது. ஆறாம் பாட்டில் "நான்மறை முனிவர்" வருகிறார்கள். இரண்டு சொல்லும் ஒரே வீட்டில் குடியிருந்திருக்கின்றன. இன்னும் ருசியான இடம் பரிபாடலில், கடுவன் இளவெயினனார் திருமாலைப் பாடும் பாட்டில் இருக்கிறது. தீயினுள் தெறல் நீ, பூவினுள் நாற்றம் நீ, கல்லினுள் மணியும் நீ என்று அடுக்கிக்கொண்டே வந்து "வேதத்து மறை நீ" என்கிறார். தீக்குச் சூடு எப்படியோ, பூவுக்கு மணம் எப்படியோ, அப்படி வேதத்துக்குள் இருக்கும் மறை. இங்கே இரண்டும் ஒரு பொருள் தரும் சொற்களாக நிற்கவில்லை. வேதம் மேலே தெரிவது, மறை உள்ளே இருப்பது. மறைக்கு அகராதியைப் பார்த்து வேதம் என்று மட்டும் எழுதிவிட்டுப் போனால் இந்த அடி வெறும் கூறியது கூறலாகிவிடும்.

சரி, நான்மறை என்றால் எந்த நான்கு? இருக்கு, யசுர், சாமம், அதர்வணம் என்று பள்ளிக்கூடப் பிள்ளையும் சொல்லும். தொல்காப்பியப் பாயிரத்தில் வரும் "நான்மறை முற்றிய அதங்கோட்டு ஆசான்" பற்றி எழுதும்போது உரையாசிரியர் நச்சினார்க்கினியர் இதை ஒப்புக்கொள்ளவில்லை. தைத்திரியம், பௌடிகம், தலவகாரம், சாமம் என்று வேறொரு பட்டியல் தருகிறார். வியாசர் வேதத்தை இருக்கு முதலான நாலாக வகுத்தது தொல்காப்பியத்துக்குப் பிறகு என்பது அவர் கணக்கு. கணக்கு சரியா என்பது வேறு விஷயம். மறைந்த பொருள் உடையதால் மறை என்று அவரும் காரணம் சொல்வதுதான் நமக்கு வேண்டியது.

வியாசர் என்றதும் எங்கள் ஊர்க்காரர்களுக்கு அவர் மகன் நினைவு வரும். சேலம் சுகவனேசுவரர் கோயில் சுகர் கிளி உருவில் வழிபட்ட தலம் என்று தலபுராணம் சொல்லும். சுகம் என்றால் வடமொழியில் கிளி. சுவாமிக்குக் கிளிவண்ணமுடையார் என்று தமிழ்ப் பெயரும் உண்டு. வேதத்தை வகுத்தவரின் பிள்ளையைக் கிளியாக்கிப் பார்த்த கற்பனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். எழுதாமல், கேட்டதை அட்சரம் பிசகாமல் திருப்பிச் சொல்வதுதானே அந்தப் படிப்பு?

பக்திப் பாடல்களுக்கு வந்தால் விவகாரம் சூடு பிடிக்கும். தேவாரமும் திவ்வியப் பிரபந்தமும் வேதத்தைத் தமிழில் சொன்னவை, அவ்வளவுதான் என்பார் ஒரு கட்சி. அவற்றில் வரும் மறையெல்லாம் தமிழர் மறை, அறம் பொருள் இன்பம் வீடு என்ற நான்கு, அதற்கும் வடமொழிக்கும் சம்பந்தமில்லை என்பார் எதிர்க் கட்சி. இரண்டு கட்சிக்கும் பாட்டை முழுதாகப் படிக்கப் பொறுமை இல்லை என்பது என் குறை. தமிழர் மறை என்பவர்கள் திருநாவுக்கரசரின் "வேதம் ஓதிலென் வேள்விகள் செய்யிலென்" என்ற பாட்டை எடுத்துக் காட்டுவார்கள் (5.99, அதாவது ஐந்தாம் திருமுறை, 99ஆம் பதிகம்). ஆறங்கம் உணர்ந்தாலும் ஈசனை நினைக்காதவர்க்கு ஒன்றும் இல்லை என்று அது முடிகிறது. உண்மை. ஆனால் அவரேதான் திருமறைக்காட்டில் "ஆரியன் கண்டாய் தமிழன் கண்டாய்" என்று இறைவனை ஒரே மூச்சில் இரண்டாகவும் பாடினார் (6.23). வேதத்தை அவர் தள்ளவில்லை. நெஞ்சில் நினைப்பில்லாத ஓதலைத் தள்ளினார். சம்பந்தர் இதையே வேறு வழியில் சொன்னார். அன்பு முற்றிக் கண்ணீர் மல்கி ஓதுகிறவரை நல்ல வழியில் சேர்ப்பது, "வேதம் நான்கினும் மெய்ப்பொருள் ஆவது", நமச்சிவாய என்ற பெயர் (3.49). நான்கு வேதத்தையும் ஐந்தெழுத்தில் அடக்கிவிட்டார். யாரும் சொல்லக்கூடிய ஐந்தெழுத்து. மறைந்து கிடந்தது நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

திருமறைக்காட்டுக் கதையும் இதைத்தான் காட்டுகிறது. வேதங்கள் பூசித்து அடைத்துவிட்டுப் போன கதவு, யாராலும் திறக்க முடியாமல், பக்கத்தில் வேறொரு வாசல் வழியாக ஊர் போய் வந்துகொண்டிருந்ததாம். திருநாவுக்கரசர் "பண்ணின் நேர்மொழியாள்" என்று தொடங்கிப் பாடினார், திறந்தது. சம்பந்தர் பாடினார், மூடிக்கொண்டது. பிறகு எல்லா நாளும் திறந்து மூடும் கதவாயிற்று. வரலாறாக எடுத்துக்கொள்ளாதவர்கள்கூட இந்தக் கதையின் பொருளை விட முடியாது. பூட்டியது வேதம், சாவி தமிழ்ப்பாட்டு. வேடிக்கை என்னவென்றால், அந்த ஊரின் பெயரே பின்னால் வேதாரண்யம் ஆகிவிட்டது. மறைக்கு வேதம், காட்டுக்கு ஆரண்யம்.

வைணவத்தில் சொல்லே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. நம்மாழ்வாரின் 1102 பாட்டுக்குப் பெயர் திருவாய்மொழி. வாய்மொழி என்ற சொல்லுக்கு வேதம் என்றும் ஒரு பொருள் உண்டு. வேதம் தமிழ் செய்த மாறன் என்று அவரைக் கொண்டாடுவார்கள். மதுரகவியாழ்வார் இன்னும் நுட்பமாக, "மிக்க வேதியர் வேதத்தின் உட்பொருள் நிற்கப் பாடி என் நெஞ்சுள் நிறுத்தினான்" என்றார். வேதத்தை அல்ல, அதன் உட்பொருளை. பரிபாடலின் "வேதத்து மறை" மறுபடி வந்து நிற்கிறது பாருங்கள். நம்மாழ்வாரும் முதல் பத்திலேயே, உடலில் உயிர் போல "கரந்து எங்கும் பரந்துளன்" என்று சொன்ன கையோடு "சுடர்மிகு சுருதியுள்" இருக்கிறான் என்கிறார். கரத்தல் என்றால் மறைதல். பெருமாள் புறப்பாட்டில் பிரபந்தம் ஓதுவோர் முன்னே போக, வேதம் ஓதுவோர் பின்னே வருவார்கள். வேதம் இன்னும் தேடிக்கொண்டு பின்னால் வருகிறது, தமிழைக் கேட்டுப் பெருமாள் அதன் பின்னே போகிறார் என்று அதற்குப் பெரியவர்கள் காரணம் சொல்வார்கள்.

பாட்டில் மறை வந்தால் ஒன்று, வேதம் வந்தால் வேறொன்று என்று எல்லா இடத்திலும் தோண்ட வேண்டியதில்லை. பல இடங்களில் ஓசைதான் முடிவு செய்கிறது. பழைய சேலம் மாவட்டத்தில் இருந்த திருச்செங்கோட்டில் சம்பந்தர் பாடிய திருநீலகண்டப் பதிகத்தில் "விண்ணுலகு ஆள்கின்ற விச்சாதரர்களும் வேதியரும்" என்று ஓர் அடி. வி, வி, வே என்று மோனை கேட்கிறது, அதனால் வேதியர். அதே இடத்தில் மறையவர் என்று போட்டால் பொருள் கெடாது, பாட்டு கெடும்.

சொல்லின் பிற்காலம் சுவாரசியமானது. வேதம் என்ற சொல் கிறிஸ்தவர்களிடம் போய் வேதாகமம் ஆயிற்று. மறையும் போயிற்று: மறையுரை, மறைசாட்சி, மறைமாவட்டம். எங்கள் ஊரிலேயே 1930இல் உருவான சேலம் மறைமாவட்டம் இருக்கிறது. இசுலாமியர்கள் குர்ஆனைத் திருமறை என்கிறார்கள். குறளைப் பொதுமறை என்கிறோம். பட்டப்பெயர் என்றேனே, இப்போது அது எல்லா மத நூலுக்கும் பொதுப்பெயராகிவிட்டது. வாசலில் மாட்டியிருக்கும் கேமராவுக்கு மறைகாணி என்று பெயர் வைத்தவர்கள் மட்டும் பழைய ரகசியப் பொருளுக்கே திரும்பிப் போயிருக்கிறார்கள். இன்னொன்று: மறை கழண்டவன் என்று பலர் எழுதுகிறார்கள். அங்கே வர வேண்டியது மரை, திருகாணியின் புரி. செவ்வாய்ப்பேட்டை இரும்புக்கடையில் கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள்.

அப்படியானால் வேதத்துக்குச் சரியான தமிழ் எது? நான்கு வேதங்களைப் பொதுவாகச் சொல்ல நான்மறை போதும். எந்த மதத்தின் புனித நூலானாலும் மறைநூல் என்பது பொருந்தும். இருக்கு வேதம், சாம வேதம் என்று பெயர் சொல்லி எழுதும்போது வேதம் என்றே விட்டுவிடலாம். அதுவும் சங்கப் பாட்டில் இருக்கும் சொல்தானே. சுருதிக்குக் கேள்வி என்ற அழகான சொல் இருந்தது, ஆனால் இன்றைக்குக் கேள்வி என்றால் தேர்வுத்தாள் நினைவு வருகிறது, சுருதி என்றால் தம்புரா நினைவு வருகிறது. வேதாந்தத்துக்கு மறைமுடிவு என்பது படிக்கிறவருக்குப் புரிந்தால் சரி. "அவர் சொன்னா எனக்கு வேதவாக்கு" என்று பேசுகிற இடத்தில் மறைவாக்கு என்று மாற்றினால் மட்டும் சிரிப்பார்கள்.

இதையெல்லாம் சொல்லி முடித்ததும் அவளுக்கு உற்சாகம் தாங்கவில்லை. மேலே போய், கட்டுரையில் இருந்த வேதம் ஒவ்வொன்றையும் அடித்து மறை என்று எழுதிக்கொண்டு வந்தாள். சம்பந்தர் பாட்டையும் விடவில்லை.

"இதை மட்டும் பழையபடி எழுது."

"ஏன் மாமா? ரெண்டும் ஒண்ணுதான்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நான் அப்படிச் சொல்லவே இல்லை. வாய்விட்டுப் படிச்சுப் பார்."

படித்தாள். "காதலாகிக் கசிந்து கண்ணீர் மல்கி, ஓதுவார் தமை நன்னெறிக்கு உய்ப்பது, மறை நான்கினும்..." நின்றுவிட்டாள். திரும்ப முதலிலிருந்து படித்தாள். காத, ஓது, அப்புறம் மறை. விரலை அந்த இடத்தில் வைத்தபடி அடுத்த அடியைப் பார்த்தாள்: நாத. பேனாவைத் திறந்தாள்.