நாலு வயசுப் பொய்க்குச் சூட்டுக்கோலா?

மறுபடியும் ஒரு சூட்டுத் தழும்பு. தோசைக்கரண்டியைக் காய்ச்சிப் புறங்கையில் இழுத்த கோடு. நடவுக் கூலிக்கு மாற்றி வைத்திருந்த நோட்டில் ஒன்றை எடுத்துவிட்டு "நான் எடுக்கல" என்றதாம் நாலரை வயதுக் குழந்தை. கும்பகோணம், மன்னார்குடிப் பக்கம் படித்தவர்கள் வீட்டிலும் இது நடக்கிறது. சூடு இல்லையென்றால் மிளகாய்ப் புகை, இல்லையென்றால் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம்.

கேட்டால் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா? இப்ப விட்டா திருடனாயிடுவான்." ஆக மாட்டான். தயவுசெய்து இதைப் புரிந்துகொள்ளுங்கள். தனக்குத் தெரிந்தது அம்மாவுக்கும் தெரியும் என்றுதான் மூன்று வயதுக் குழந்தை நினைக்கும். 1983-ல் விம்மர், பெர்னர் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் குழந்தைகளிடம் ஒரு கதை சொன்னார்கள். பையன் சாக்லேட்டை ஓர் அலமாரியில் வைத்துவிட்டு வெளியே போகிறான். அம்மா அதை வேறு அலமாரிக்கு மாற்றிவிடுகிறாள். திரும்பி வந்தவன் எங்கே தேடுவான்? சின்னக் குழந்தைகள் புது அலமாரியைக் காட்டின. நாலு வயதைத் தாண்டியவர்களில்தான் பலர் பழைய அலமாரியைக் காட்டினார்கள். அடுத்தவர் மனசில் இருப்பது வேறு என்று புரியப் புரியத்தான் பொய்யைச் சரியாகச் சொல்ல வரும். பல் முளைப்பது மாதிரி இது மூளை வளர்ந்ததன் அடையாளம். குணக்கேடு இல்லை.

தவறை அளப்பதும் அப்படித்தான். தெரியாமல் 15 கோப்பை உடைத்தவனா, ஜாம் எடுக்கப் போய் ஒரு கோப்பை உடைத்தவனா, யார் குற்றவாளி என்று குழந்தைகளிடம் கேட்டார் சுவிட்சர்லாந்து உளவியலாளர் பியாஜே (1932). ஏழு வயதுக்குக் கீழே பெரும்பாலும் 15-ஐத்தான் கைகாட்டுவார்கள். வீட்டில் நாமும் டம்ளர் உடைந்தால் திட்டு, செல்போன் உடைந்தால் அடி என்று அதே கணக்கைத்தானே சொல்லிக் கொடுக்கிறோம்!

அடி பொய்யைக் குறைக்காது. தால்வார், லீ என்ற உளவியல் ஆய்வாளர்கள் 2011-ல் வெளியிட்ட ஆய்வில், மேற்கு ஆப்பிரிக்காவில் இரண்டு பள்ளிகளின் 3, 4 வயதுக் குழந்தைகளை ஒப்பிட்டார்கள். அடி விழுந்த பள்ளிக் குழந்தைகள்தான் கூடுதலாகப் பொய் சொன்னார்கள். மாட்டிக்கொள்ளாமல் சொல்லவும் அவர்களுக்கே நன்றாக வந்தது.

பதில் தெரிந்த கேள்வியைக் கேட்காதீர்கள். "யார் எடுத்தது?" என்பது பொய்க்கு நீங்களே வைக்கும் வெற்றிலை பாக்கு. "நோட்டு உன் பையில இருக்கு. வா, எடுத்த இடத்துல வைப்போம்" என்று சொல்லி, குழந்தையின் கையாலேயே வைக்கச் சொல்லுங்கள். "அந்த அக்காவுக்குக் கூலி குறைஞ்சுடும்ல?" என்று யாருக்கு நஷ்டம் என்பதை ஒரே வரியில் சொல்லி நிறுத்துங்கள். உண்மையை ஒப்புக்கொண்ட பிறகு அடித்தால், அடுத்த தடவை ஒப்புக்கொள்ளாது. மாமா, சித்தி முன்னால் "திருட்டுப்பய" என்று பட்டம் கட்டாதீர்கள். கூலிப் பணத்தை எட்டாத இடத்தில் வையுங்கள்.

எட்டு வயதுக்கு மேல் மாதக் கணக்கில் திருட்டு, ஆடு மாட்டைத் துன்புறுத்துவது, தீ வைப்பது என்றிருந்தால் மாவட்ட அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். பணம் திடீரெனக் கையில் புழங்கினால், யார் கொடுத்தார்கள், எதற்கு என்று பதறாமல் விசாரியுங்கள். மிரட்டலோ பாலியல் துன்புறுத்தலோ பின்னால் இருக்கலாம்.

பொறுப்பில் உள்ள பெரியவர் குழந்தையைக் கொடுமைப்படுத்துவது 2015-ம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-ம் பிரிவில் குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை. பக்கத்து வீட்டில் நடந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள்.

சூடு பட்டுவிட்டதா? உடனே குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். மை, பேஸ்ட், மாவு எதுவும் பூசாதீர்கள். கொப்புளத்தை உடைக்காமல், ஊருக்குத் தெரிந்துவிடுமே என்று மறைக்காமல், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வாருங்கள்.