வேஷம் கலையும்போது குரலும் கலைய வேண்டும்

ஆடி முடிந்தால் எங்கள் ஓ.பி.யில் கூத்துக்காரர்களும் நாடகக்காரர்களும் வரத் தொடங்குவார்கள். சேலத்தில் காது மூக்கு தொண்டை மருத்துவம் பார்க்கிற யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். தை பிறந்ததிலிருந்து மேச்சேரி, ஓமலூர், தாரமங்கலம், எடப்பாடி என்று ஊர் ஊராக, இரவு பத்து மணிக்கு ஆரம்பித்து விடியும் வரை பாடிப் பேசிய தொண்டைகள் அவை. பெரும்பாலானவர்களுக்கு ஓய்வும் குரல் பயிற்சியும் கொஞ்சம் மருந்தும் போதும். இந்த வருடம் வந்தவர்களில் ஒருவருக்கு அது போதவில்லை. இதற்கு முன்பும் இப்படிப் பலரைப் பார்த்திருக்கிறேன். இனியும் பேசாமல் இருக்க முடியாது என்பதால் எழுதுகிறேன்.

அவருக்கு ஐம்பது வயதுக்கு மேல். மரத்தில் செய்த கிரீடமும் புஜக்கட்டையும் கட்டி ஆடும் கட்டை வேஷக்காரர், துரியோதனன், இரணியன் என்றால் அந்தப் பக்கத்து ஊர்களில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். குரல் கம்மி எட்டு மாதம் ஆகியிருந்தது. அவரால் பேச முடியாததால் மனைவிதான் சொன்னார்: “வேஷத்துக்கு எடுப்பா இருக்குதுன்னு எல்லாரும் சொன்னாங்க சார். சீசன் முடியட்டும்னு இவரும் இருந்துட்டாரு.” உள்ளே வந்து உட்காரும்போதே அவர் மூச்சிழுக்கும் சத்தம் கேட்டது. தொண்டைக்குள் பார்க்கும் ஸ்கோப் கருவியை வைத்துப் பார்த்தால் ஒரு பக்கத்துக் குரல்நாண் அசையவே இல்லை. புற்று. கடைசியில் குரல்வளையை முழுதாக எடுக்க வேண்டியதாயிற்று. இனி அவருக்குக் கழுத்தில் போட்ட துளை வழியாகத்தான் மூச்சு.

குரல்நாணில் தொடங்கும் புற்றுக்கு ஒரு விசேஷம் உண்டு. கடுகளவு இருக்கும்போதே குரலைக் கெடுத்துத் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். அந்த நிலையில் பிடித்தால் கதிர்வீச்சாலோ லேசராலோ பத்துப் பேரில் ஒன்பது பேரைக் குணமாக்கலாம், குரலும் பெரும்பாலும் தங்கும். எட்டு மாதம் என்பது அந்த வாய்ப்பு முழுவதையும் கைநழுவவிட்ட காலம்.

ஏன் விட்டார்? அந்தக் கரகரப்பைச் சொத்து என்று நினைத்தார். அவர் மட்டுமல்ல, கூத்து வாத்தியார், கூட ஆடுகிறவர்கள், திருவிழாக் குழு, முன்வரிசையில் உட்கார்ந்து பார்க்கிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். வில்லனுக்குக் குரல் உடைந்திருக்க வேண்டும், கிழவனுக்கு நடுங்க வேண்டும், அசுரனுக்குக் கரகரக்க வேண்டும். நாயகனாக ராஜபார்ட் போடுகிறவருக்குத் தொண்டை கட்டினால் மறுநாளே மருந்து தேடி ஓடுவார். குணச்சித்திர வேஷக்காரருக்குக் கட்டினால் பாராட்டு கிடைக்கிறது. என் அனுபவத்தில் தாமதமாக வருகிறவர்கள் பெரும்பாலும் வில்லன், அசுரன், கிழவன், கோமாளி வேஷக்காரர்கள்தான்.

இந்த ஒரு நினைப்பைப் பற்றி விரிவாகவே பேச வேண்டும். கரகரப்பை உண்டாக்குவது ஒரு வித்தை. காயம்பட்ட குரல்நாணில் தானாக வரும் கரகரப்பு வேறு. இரண்டும் பார்வையாளர் காதில் ஒன்றுபோல விழலாம். வித்தை தெரிந்தவர் வேண்டும்போது கரகரப்பைக் கொண்டுவருவார், வேண்டாதபோது விட்டுவிடுவார். மற்றவரால் விட முடியாது. வி.கே.ராமசாமி 1947இல் திரையில் கிழவராக வந்தபோது இருபதை அப்போதுதான் தாண்டிய இளைஞர். அந்த முதுமை அவர் தொண்டையில் இல்லை, திறமையில் இருந்தது. எம்.ஆர்.ராதா ஒரே வசனத்துக்குள் கீச்சென்று ஏறிக் கட்டைக் குரலுக்கு இறங்குவார். இரண்டு குரலும் அவர் கைவசம் இருந்ததால்தான் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ முடிந்தது. தொண்டை கெட்டவரிடம் இருப்பது ஒரே குரல். துரியோதனனுக்கும் அதே, தருமனுக்கும் அதே, வீட்டில் பேத்தியைக் கொஞ்சவும் அதே. அதை முத்திரை என்று சொல்லாதீர்கள். முகத்தில் பூசிய முத்துவெள்ளையும் செந்தூரமும் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் போகிற மாதிரி, அந்தக் குரலும் விடிந்து தூங்கி எழுந்தால் போக வேண்டும். போகவில்லை என்றால் அங்கே ஏதோ இருக்கிறது.

சோதித்துப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன், நாங்களும் இதைச் செய்து பார்ப்போம். நன்றாகத் தூங்கி எழுந்த ஒரு நாள் மத்தியானம், உங்களுக்குப் பழக்கமான ஒரு விருத்தத்தின் முதல் வரியை, மேல் ஸ்தாயியில், பக்கத்தில் தூங்கும் குழந்தை விழிக்காத அளவுக்கு மெதுவாகப் பாடுங்கள். உரக்கப் பாடினால் தெரியாது. வீக்கத்தை மூச்சின் அழுத்தம் மறைத்துவிடும். மெதுவாகப் பாடும்போது குரல் வருவதற்கு முன் காற்று மட்டும் வந்தாலோ, நடுவில் அறுந்தாலோ, அந்த ஸ்தாயியே கிடைக்காமல் போனாலோ, குரல்நாண்களின் ஓரத்தில் வீக்கம் இருக்க வாய்ப்பு அதிகம். சரியாகப் பாடிவிட்டால் ஒன்றும் இல்லை என்று அர்த்தம் இல்லை. மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மலாகவே இருந்தால், இந்தச் சோதனை என்ன சொன்னாலும் சரி, ஸ்கோப் பார்த்தாக வேண்டும்.

“எம்.ஜி.ஆருக்குக் குரல் மாறிப்போன பிறகும் நடிக்கலையா சார்?” என்று கேட்கிறார்கள். 1967இல் அவர் கழுத்தில் குண்டு பாய்ந்தது. மருத்துவர்கள் பார்த்தார்கள், சிகிச்சை எடுத்தார், அதன் பிறகுதான் திரும்ப நடித்தார். அப்போதே அவர் நாடறிந்த நாயகர்; அந்தக் குரலையும் மக்கள் அன்போடு ஏற்றுக்கொண்டார்கள். துரியோதனனுக்கு அந்தச் சலுகையை எந்தத் திருவிழாக் குழுவும் தராது. வசனம் பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்றால் அடுத்த வருடம் வேறு ஆளைக் கூப்பிடுவார்கள். பெயர் எழுதாத வேஷக்காரர்களின் வாழ்க்கை அவ்வளவு மெல்லிய கயிற்றில் தொங்குகிறது என்பதால்தான் எனக்கு இத்தனை ஆதங்கம்.

நடிகனின் பிழைப்பைக் குரல் தீர்மானிப்பது புதிதும் இல்லை. பையன்களே நடித்த பாய்ஸ் கம்பெனி நாடகக் குழுக்களின் காலத்தில் ராஜபார்ட்டும், பெண் வேஷமான ஸ்திரீபார்ட்டும் போட்ட பையன்களுக்கு மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால் வேஷம் கைமாறும். அது வளர்ச்சியில் வரும் மாற்றம், சில மாதங்களில் புதுக் குரல் நிலைத்துவிடும். நம் ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோ இருந்த நாளில் மாதச் சம்பளத்துக்கு நடிகர்களை வைத்திருந்தார்கள். 1950இல் அங்கே எடுத்த திகம்பர சாமியார் படத்தில் நம்பியார் பதினோரு வேஷத்தில் வந்ததைப் பெருமையாகச் சொல்லாத சேலத்துக்காரர் இல்லை. ஆனால் அது படப்பிடிப்பு. ஒரு வேஷத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே இடைவெளி உண்டு, பக்கத்திலேயே மைக் உண்டு. கூத்தில் ஒரே ஆள் ஒரே இரவில் மூன்று வேஷம் கட்டுகிறார், மூன்று குரலில் பேசுகிறார், அறுவடை முடிந்த வயலின் புழுதியில் நின்று. விடியற்காலையில் அவர்தான் செத்து விழ வேண்டிய ஆளும். அந்தக் கடைசி அலறல்தான் அந்த இரவின் மிகப் பெரிய சத்தம், மிகவும் களைத்த தொண்டையிலிருந்து.

தொடர்ந்து இப்படி மோதினால் மண்வெட்டி பிடிக்கிற கையில் காய்ப்புக் காய்ப்பது மாதிரி குரல்நாண் ஓரத்திலும் காய்க்கும். அந்த முடிச்சுகள் பெரும்பாலும் அறுவை இல்லாமல், குரல் பயிற்சியிலேயே கரையும். பாலிப் என்கிற சதை வளர்ச்சி என்றால் சிறிய அறுவை தேவைப்படலாம், அதன் பிறகு சில நாள் வாயே திறக்கக் கூடாது. இவற்றை ஐப்பசி கார்த்திகையில், மழைக்குக் கூத்து இல்லாத நேரமாகப் பார்த்து வைத்துக்கொள்ளலாம். நாங்களே அப்படித்தான் தேதி கொடுப்போம். எது சீசன் வரை காத்திருக்கலாம், எது காத்திருக்கக் கூடாது என்பதை ஸ்கோப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

அப்புறம் இந்தச் சித்தரத்தை, அதிமதுரம், மிளகு, பனங்கற்கண்டு. சாப்பிடுங்கள், தொண்டைக்கு இதமாக இருக்கும். ஆனால் நீங்கள் விழுங்கும் எதுவும் குரல்நாணைத் தொடுவதில்லை. அது மூச்சுப் பாதையில் இருக்கிறது. ஒரு சொட்டு அங்கே போனால் புரையேறும். புரையேறாமல் விழுங்கினீர்கள் என்றால் மருந்து அங்கே படவில்லை. அங்கே நேராகப் போய்ச் சேர்வது மூச்சோடு போகிறவைதான்: ஆவி, பீடிப் புகை, கற்பூரப் புகை, பட்டாசுப் புகை, புழுதி. ஆவி மட்டும் நல்லது, வெறும் வெந்நீர் ஆவி, தைலம் எதுவும் போடாமல். தண்ணீர் உடம்புக்குள் போய்ச் சுற்றித்தான் அங்கே ஈரம் சேர்க்கும். அதனால் மேடை ஏறும்போது ஒரு சொம்பு குடித்துப் பயனில்லை, சாயங்காலத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துவர வேண்டும். சரக்குப் போட்டால் குரல் திறக்கும் என்பது பொய். வலி தெரியாமல் போகிறது, அதனால் அதிகமாகக் கத்துகிறீர்கள், அவ்வளவுதான்.

ஆட்டத்துக்கு முன் “ஒரு ஊசி போட்டுவிடுங்கள்” என்று வருவதை நிறுத்துங்கள். ஸ்டீராய்டு ஊசி வீக்கத்தை ஓர் இரவுக்கு அமுக்கும், காயம் அங்கேயே இருக்கும். அதன்மேல் விடியவிடியக் கத்தினால் குரல்நாணுக்குள் ரத்தம் கசியலாம். உடம்பு வலிக்கு ஆஸ்பிரின் மாதிரி மாத்திரை போட்டிருந்தால் ஆபத்து இன்னும் கூடும். ஊசி வேண்டுமா வேண்டாமா என்பதைக் குரல்நாணைப் பார்த்த மருத்துவர் சொல்லட்டும், மருந்துக்கடைக்காரர் சொல்லக் கூடாது.

தொண்டை கட்டியதும் குசுகுசுவென்று பேசி ஓய்வு கொடுப்பதாக நினைக்காதீர்கள். அழுத்தி ரகசியம் பேசுவதும் தொண்டைத் தசையை இறுக்கும். பேசாமல் இருங்கள், அல்லது மெல்லிய இயல்பான குரலில் பேசுங்கள். சும்மா சும்மா செருமாதீர்கள். ஆட்டம் முடிந்து விடிகாலையில் வயிறு நிறையச் சாப்பிட்டு அப்படியே திண்ணையில் சாய்வதும் கூடாது. வயிற்று அமிலம் மேலே வந்து குரல்வளையின் பின்பக்கத்தைப் புண்ணாக்கும். நெஞ்செரிச்சல் இல்லாமலேயே இது நடக்கும் என்பதால் யாரும் நம்புவதில்லை. கொஞ்சமாகச் சாப்பிட்டு, இரண்டு மணி நேரம் கழித்துப் படுங்கள்.

பீடியும் புகையிலையும் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பாக்கு பற்றிச் சொல்ல வேண்டும். “புகையிலை போடறதில்லீங்க, வெறும் பாக்குதான்” என்பவர்களுக்கு: பாக்கு தனியாகவே புற்றை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004லேயே அறிவித்துவிட்டது. புற்று வருவதற்கு முன்னாலேயே கன்னத்தின் உள்சதை இறுகி வாய் திறப்பது குறையும். இரண்டு விரல் நுழையாத வாயோடு இரணியன் எப்படிச் சிரிப்பான்?

வாத்தியார்களிடமும் திருவிழாக் குழுக்களிடமும் கேட்க எனக்குச் சில விஷயங்கள் உண்டு. வயதான வேஷக்காரருக்கு ஆர்மோனியத்தில் ஒரு கட்டை சுருதி இறக்குங்கள், கௌரவம் குறையாது. பின்பாட்டுக்காரர்கள் வாங்கிப் பாடும் வரியை அவரும் சேர்ந்து கத்தட்டும் என்று விடாதீர்கள். தன் குரல் தனக்குக் கேட்காத இடத்தில் எந்த மனிதனும் தானாகவே கத்துவான். ஒலிபெருக்கியை எல்லாம் ஊரைப் பார்த்துத் திருப்பி வைத்துவிட்டு ஆடுகிறவர் பக்கம் ஒன்றுகூட வைக்காவிட்டால் அவருக்கு வேறு வழியில்லை. ஒரு சின்ன ஸ்பீக்கரை அவர் பக்கம் திருப்புங்கள். அலங்கார விளக்குக்குச் செலவு செய்கிற குழுவுக்கு இது முடியாத காரியம் இல்லை. சினிமாவிலும் சீரியலிலும் சின்ன வேஷம் செய்யப் போகிறவர்கள் டப்பிங்கில் அலறல், அழுகை, சண்டை எல்லாவற்றையும் அன்றைய நாளின் கடைசியில் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். ஏற்காட்டுக் குளிரில் செயற்கைப் புகைக்குள் நின்று கத்தும் காட்சி என்றால், ஷாட் இல்லாத நேரம் புகையை விட்டுத் தள்ளி வந்து நில்லுங்கள்.

செலவுக்குப் பயந்து தள்ளிப்போடாதீர்கள். மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனையில் ஈ.என்.டி. பிரிவு இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் புற்றுநோய் சிகிச்சைக்கும் அது உதவும். அட்டை இல்லாதவர்கள் உடம்பு நன்றாக இருக்கும்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் இன்னும் பதியாதவர்களும் பதிந்துவிடுங்கள். ஸ்கோப் சோதனை சில நிமிட வேலை. மூக்கிலும் தொண்டையிலும் மரத்துப்போகும் மருந்து அடித்துவிட்டுத்தான் செய்வோம், அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம்.

வீட்டுப் பெண்களிடம் ஒரு வேண்டுகோள். மூன்று வாரமாகக் குரல் மாறியிருப்பது முதலில் உங்களுக்குத்தான் தெரியும். விழுங்கும்போது வலி, காதுக்குப் பாயும் வலி, கழுத்தில் கட்டி, எச்சிலில் ரத்தம், மூச்சிழுக்கும்போது சத்தம், இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் மூன்று வாரம்கூடக் காத்திருக்காதீர்கள். அன்றைக்கு எந்த ஊரில் ஆட்டம் ஒப்புக்கொண்டிருந்தாலும் சரி, முதலில் இங்கே கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.