மலையில் ஓடும் பழைய சின்னக் கார்: முதலில் ஈரம், பிறகுதான் ஸ்பீக்கர்

மாருதி 800 தயாரிப்பு 2014 ஜனவரியோடு நின்றுபோனது. ஆனால் நீலகிரியில் அந்த வண்டியும், அதன் வயதுடைய ஆல்டோ, ஜென், சான்ட்ரோ வண்டிகளும் இன்னும் தினசரி ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. எஸ்டேட் ரோட்டின் குறுகலுக்கும் கொண்டை ஊசி வளைவுகளுக்கும் இந்த அளவு வண்டிதான் தோது. உள்ளே புதுப்பித்து, நல்ல ஸ்பீக்கர் போட்டு இன்னும் சில வருஷம் ஓட்டலாம் என்று நினைப்பது நியாயமான எண்ணம். செலவு செய்யும் வரிசைதான் பெரும்பாலும் தலைகீழாகிவிடுகிறது.

வழக்கமாக நடப்பது இது. கீழே ஏதாவது ஒரு கடையில் சீட் கவர், ஃப்ளோர் லேமினேஷன் (தரையோடு ஒட்டும் விரிப்பு), கதவில் பெரிய ஸ்பீக்கர், டேஷ்போர்டில் ஆண்ட்ராய்டு செட் என்று ஒரே நாளில் முடித்துக்கொண்டு மலையேறிவிடுகிறார்கள். ஒரு மழைக்காலம் போனதும் வண்டிக்குள் பூஞ்சை வாடை, மிதியடிக்குக் கீழே சொதசொதப்பு, ஒரு கதவு ஸ்பீக்கரில் கரகரப்பு, காலையில் செல்ஃப் எடுக்காத பேட்டரி. ஸ்பீக்கர்தான் மட்டம் என்று அதை மாற்றுவார்கள். அடுத்த மழைக்கு அதுவும் போகும்.

மேட்டுப்பாளையத்தில் காருக்குள் இறங்கிய தண்ணீர் மறுநாள் வெயிலில் காய்ந்துவிடும். இங்கே காயாது. கூடலூர், பந்தலூர், அவலாஞ்சிப் பக்கம் ஜூனிலிருந்து தென்மேற்குப் பருவமழை. அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. அது ஓய்ந்ததும் ஊட்டியில் உறைபனி. ஆகவே தண்ணீர் எங்கே இறங்குகிறது என்று கண்டுபிடிக்காமல் உள்ளே ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள்.

தண்ணீர் வரும் வழி

இரண்டு பேர் வேண்டும். ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்கார, இன்னொருவர் வெளியிலிருந்து ஹோஸில் மெதுவாகத் தண்ணீர் விட வேண்டும். கீழிருந்து மேலே போக வேண்டும்: முதலில் கதவின் அடிப்பகுதி, பிறகு கண்ணாடி ஓரம், பிறகு முன்கண்ணாடி, கடைசியில் கூரை. கூரையில் ஆரம்பித்தால் தண்ணீர் எல்லாப் பக்கமும் வழியும், ஓட்டை எது என்றே தெரியாது. ஒவ்வொரு இடத்திலும் ஐந்து நிமிஷமாவது விடுங்கள். சில கசிவுகள் உள்ளே ஊறி வர அவ்வளவு நேரம் எடுக்கும்.

முதலில் பார்க்க வேண்டியது வைப்பருக்குக் கீழே உள்ள பள்ளம். சில்வர் ஓக், யூகலிப்டஸ் மரத்தடியில் நிறுத்தும் வண்டிகளில் அங்கே இலை மக்கி வடிகால் அடைத்துக்கொள்ளும். தண்ணீர் தேங்கி, காற்று வரும் வழியாக உள்ளே விழும். அடுத்தது முன்கண்ணாடி ரப்பர் பீடிங்; பழையதானால் சுருங்கி மூலையில் இடைவெளி விட்டிருக்கும். மேலே சிலிகான் பூசுவது சில மாதம்தான் தாங்கும், தண்ணீரை ரப்பருக்கு அடியில் பிடித்துவைத்துக் கண்ணாடிச் சட்டத்தையும் அரிக்கும். பீடிங்கையே மாற்றிவிடுவது நல்லது. பின்விளக்கு கேஸ்கெட், டிக்கி ரப்பர், தரையில் இருக்கும் ரப்பர் பிளக்குகள் ஆகியவற்றையும் விடாமல் பாருங்கள். முன்பக்க ஈரம் வழுவழுப்பாக, லேசான இனிப்பு வாடையோடு, முன்கண்ணாடியில் எண்ணெய்ப் படலமும் சேர்ந்து வந்தால் அது மழைத் தண்ணீர் இல்லை. ஹீட்டரிலிருந்து கூலன்ட் கசிகிறது.

கசிவை அடைத்த பிறகு முன்சீட்டுகளைக் கழற்றி, கார்பெட்டையும் அதன் அடியில் உள்ள ஃபெல்ட்டையும் எடுத்துவிடுங்கள். மேலே கார்பெட் காய்ந்த மாதிரி இருக்கும். ஃபெல்ட்டைப் பிழிந்தால் தண்ணீர் கொட்டும். தரைத் தகட்டை ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே வாருங்கள். டங் என்று கேட்க வேண்டிய இடத்தில் பொத் என்று கேட்டால் அங்கே துரு தகட்டைத் தின்றிருக்கிறது. ஓட்டை விழுந்திருந்தால் டிங்கரிடம் கொடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைக்க வேண்டும். அதற்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றச் சொல்லுங்கள். மேலோட்டமான துருவுக்கு வயர் பிரஷ், ரஸ்ட் கன்வெர்ட்டர், எப்பாக்சி ப்ரைமர், மூட்டுகளில் சீம் சீலர், அதன் மேல் பெயிண்ட். மூடுபனியில் ப்ரைமர் அடித்தால் பிடிக்காது. வெயில் வரும் நடுப்பகலில் அடியுங்கள், டப்பாவில் போட்டிருக்கும் நேரத்தைவிட இரு மடங்கு காயவிடுங்கள்.

இவ்வளவு செய்துவிட்டு அதன் மேல் லேமினேஷன் ஒட்டுவதும், தரையை முழுதாக மூடும் 7டி மேட் போடுவதும் எங்களுக்கு உடன்பாடில்லை. ஷூவோடு வரும் தண்ணீர் ஓரத்தில் இறங்கி அடியிலேயே நிற்கும், வெளியே தெரியாது. கையால் தூக்கி உதறக்கூடிய, விளிம்பு உயர்ந்த ரப்பர் மேட் போதும்.

கதவுக்குள் நடப்பது

ஸ்பீக்கர் வேலையில் அதிகம் கெடுவது கதவுதான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

கதவுக் கண்ணாடியின் வெளி ரப்பர் மழையை முழுதாக நிறுத்தாது. நிறுத்தும்படி செய்யப்பட்டதும் அல்ல. தண்ணீர் கண்ணாடியோடு கதவுக்குள் இறங்கி, அடியில் உள்ள சிறு துளைகள் வழியே வெளியேற வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. அந்தத் தண்ணீர் கேபினுக்குள் வராமல் தடுப்பது டோர் பேடுக்கு (கதவின் உள்பக்க மூடிக்கு) பின்னால் ஒட்டியிருக்கும் ஒரு பாலிதீன் ஷீட். அதன் கீழ் விளிம்பு கதவின் உள்ளே செருகப்பட்டிருக்கும். ஷீட்டில் வழியும் தண்ணீர் திரும்பக் கதவுக்குள்ளேயே விழும். ஸ்பீக்கர் போடும்போது அவசரத்தில் இதைக் கிழித்தெறிந்துவிடுகிறார்கள், அல்லது கீழ் விளிம்பை வெளியே தொங்கவிட்டு பேடை மாட்டிவிடுகிறார்கள். அப்புறம் தண்ணீர் டோர் பேடின் ஹார்ட்போர்டில் ஊறும். அது உப்பி, கிளிப்புகள் பிய்ந்து, பாட்டுக்குக் கடகடவென்று அடிக்கும். மிச்சத் தண்ணீர் கார்பெட்டுக்குப் போகும். கூரையில் ஓட்டை தேடிக்கொண்டிருப்பார்கள், காரணம் இங்கே இருக்கும்.

டோர் பேடைக் கழற்றும்போது கண்ணாடி ஏற்றும் கைப்பிடியை நெம்பாதீர்கள். பெரும்பாலான பழைய வண்டிகளில் அதன் பின்னால் ஒரு வளைந்த கம்பிக் கிளிப் இருக்கும். பழைய துணியொன்றை இடுக்கில் விட்டு இடமும் வலமும் இழுத்தால் கிளிப் வெளியே வந்துவிடும். தெறித்து ஓடும், இன்னொரு கையால் மூடிக்கொள்ளுங்கள். கிழிந்த ஷீட்டுக்குப் பதில், பசுமைக்குடில்களுக்குப் போடும் 200 மைக்ரான் பாலிதீன் நன்றாக உழைக்கும், நம் மலையில் எங்கும் கிடைக்கும். அதைப் பழைய ஷீட்டின் அளவுக்கு வெட்டி, பியூட்டைல் டேப்பால் (பிசுபிசுப்பான ரப்பர் நாடா) ஓரம் முழுக்க ஒட்டி, கீழ் விளிம்பை உள்ளே செருகிவிடுங்கள். கதவடித் துளைகளை ஒரு கம்பியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள்.

கதவுத் தகட்டின் அதிர்வை அடக்கும் டேம்பிங் ஷீட் ஒட்டுவதானால் அலுமினியத் தாள் ஒட்டிய 2 மி.மீ. பியூட்டைல் வாங்குங்கள். மலிவான தார் ஷீட் வெயிலில் வாடையடிக்கும், குளிரில் விறைத்து உரிந்துவிடும். கதவின் வெளித்தகட்டில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை ஒட்டினாலே அதிர்வு அடங்கிவிடும். முழுக்க ஒட்டுவதால் கூடுதல் பலன் கொஞ்சம்தான். இரண்டு முன்கதவுக்கும் சேர்த்து ஒரு சதுர மீட்டர் தாராளம். ஊட்டிக் குளிரில் பியூட்டைல் இளகாது. தகட்டைத் தின்னரால் துடைத்து, ஹேர் டிரையரால் சூடாக்கி, ஒட்டி, ரோலரால் அழுத்துங்கள். அடியில் இரண்டு விரற்கடை விட்டுவிடுங்கள், வடிகால் துளை அடைபடக் கூடாது.

வண்டி முழுக்க, கூரை தரை எல்லாம் ஒட்டச் சொல்வோரும் உண்டு. அந்த ஷீட் சதுர மீட்டருக்குச் சுமார் 3 கிலோ. மலை ஏறும்போதோ ஒவ்வொரு 1000 மீட்டர் உயரத்துக்கும் எஞ்சின் சக்தியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைகிறது. 2240 மீட்டரில் இருக்கும் ஊட்டியில் மாருதி 800-இன் 37 குதிரைத்திறனில் முப்பதுகூட மிஞ்சுவதில்லை. அதன் மேல் ஷீட்டும், மரப்பெட்டி ஊஃபரும் (பாஸுக்கான பெரிய ஸ்பீக்கர்), ஆம்பும் (ஆம்ப்ளிஃபையர்) சேர்ந்து ஒரு ஆள் எடை ஏற்றினால் கல்லட்டியின் 36 வளைவுகளில் அது தெரியும், ஏறும்போதும் தெரியும், இறங்கும்போது பிரேக்கிலும் தெரியும். இந்த வண்டிகளுக்கு டிக்கி ஊஃபர் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. பெரிய ஓவல் ஸ்பீக்கர்களைப் பின்தட்டில் வைப்பதும் ஆபத்து. பல ஹேட்ச்பேக்கில் அந்தத் தட்டு போல்ட்டால் இறுக்கப்பட்டதில்லை. சடன் பிரேக்கில் அது பின்சீட்டில் இருப்பவர் கழுத்துக்குத்தான் வரும்.

ஸ்பீக்கர் தேர்வு

வாங்குவதற்கு முன் அளந்துவிடுங்கள். கண்ணாடியை முழுக்க இறக்கி, தகட்டிலிருந்து கண்ணாடி வரை எவ்வளவு ஆழம் என்று ஸ்கேல் விட்டுப் பாருங்கள். ஐந்தேகால் இஞ்ச் ஸ்பீக்கருக்கு 45 முதல் 55 மி.மீ., ஆறரை இஞ்சுக்கு 55 முதல் 65 மி.மீ. வரை ஆழம் கேட்கும். ஆழம் போதாவிட்டால் காந்தம் கண்ணாடியில் இடிக்கும். அப்போது வளையம் வைத்து வெளியே தள்ள வேண்டும். வளையம் எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த) பலகையில் வேண்டாம், இந்த ஈரத்துக்கு ஊறி உப்பிவிடும். 12 மி.மீ. மெரைன் பிளைவுட்டை வெட்டி, வெட்டிய ஓரத்தில் இரண்டு கோட் வார்னிஷ் அடியுங்கள். தகட்டை வெட்ட நேர்ந்தால் வெட்டு வாயில் ப்ரைமர் பூசாமல் மூடவே கூடாது.

ஸ்பீக்கரின் கோன் (அசைந்து ஒலி எழுப்பும் கூம்பு) பாலிப்ராப்பிலீனாகவும், ஓரம் ரப்பராகவும் இருக்கட்டும். காகிதக் கோனும் ஃபோம் ஓரமும் இங்கே சீக்கிரம் நைந்துவிடும். கரகரக்கும் பழைய ஸ்பீக்கரை எடுத்து, கோனை இரு கட்டைவிரலால் சமமாக மெல்ல அழுத்திப் பாருங்கள்; உரசும் சத்தம் கேட்டால் உள்ளே துருவோ தூசியோ புகுந்து கம்பிச்சுருளில் தேய்கிறது, அதைச் சரிசெய்ய முடியாது. ஸ்பீக்கருக்குப் பின்னால் மேற்பாதியில் மட்டும் கூரை போல ஒரு ரப்பர் மறைப்பு வையுங்கள். முழுதாக மூடினால் பாஸ் செத்துவிடும்.

பெட்டியில் போட்டிருக்கும் 300 வாட், 400 வாட் எண்களை நம்பி வாங்காதீர்கள். 50 வாட் × 4 என்று எழுதியிருக்கும் செட்டே தொடர்ந்து தருவது ஒரு சேனலுக்கு 15 முதல் 20 வாட்தான். பார்க்க வேண்டியது சென்சிட்டிவிட்டி, அதாவது கொடுக்கும் சக்திக்கு ஸ்பீக்கர் எவ்வளவு சத்தம் தருகிறது என்பது: 90 டெசிபலுக்கு மேல் இருந்தால் செட்டின் சக்தியே போதும், தனி ஆம்ப் தேவைப்படாது. 3 டெசிபல் குறைந்த ஸ்பீக்கர் அதே சத்தம் தர இரு மடங்கு சக்தி கேட்கும். செட்டில் அடி பாஸை வெட்டும் ஹை-பாஸ் ஃபில்டரை 80 அல்லது 100 ஹெர்ட்ஸில் வைத்தால் சின்ன ஸ்பீக்கர் பிளிறாமல் தெளிவாகப் பாடும். பிளஸ் மைனஸ் மாறினால் பாஸ் காணாமல் போகும். ஒன்றரை வோல்ட் பேட்டரியை ஒயர் முனையில் ஒரு கணம் தொட்டு, கோன் வெளியே வருகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

ஒயரிங்

பழைய ஒயரை வெட்டாதீர்கள்; வண்டிக்கேற்ற கப்ளர் (செருகி மாட்டும் இணைப்பு) வாங்கி மாட்டுங்கள். செட்டில் மஞ்சள் எப்போதும் கரன்ட், சிவப்பு சாவி போட்டால் வரும் கரன்ட், கருப்பு எர்த். வெள்ளை, சாம்பல் முன் ஸ்பீக்கர்கள்; பச்சை, ஊதா பின் ஸ்பீக்கர்கள்; கருப்புக் கோடு போட்டது மைனஸ். முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றிய இணைப்பு இந்த ஈரத்தில் பசை விட்டு, செம்பு பச்சை பூத்துப்போகும். சால்டர் செய்து, சூட்டில் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடுங்கள். ஆம்ப் வைத்தே ஆக வேண்டுமென்றால் பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஃப்யூஸ் கட்டாயம், ஒயர் முழுச் செம்பாக இருக்க வேண்டும். கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரிவது செம்பு பூசிய அலுமினியம், வேண்டாம். எர்த் பாயின்டில் பெயிண்டைச் சுரண்டி, போல்ட் இறுக்கி, மேலே மறுபடி பெயிண்ட் தொட்டு வையுங்கள்.

வேலை முடிந்ததும் வண்டியைப் பூட்டி, அரை மணி நேரம் கழித்து பேட்டரி மைனஸ் முனைக்கும் கழற்றிய ஒயருக்கும் இடையில், ஆம்பியர் அளவில் மல்ட்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் சரி. சில ஆண்ட்ராய்டு செட்டுகள் தூங்கும்போதும் 300 வரை இழுக்கும். ஒரு நாளைக்கு ஏழு ஆம்பியர்-மணிக்கு மேல். 35 ஆம்பியர்-மணி பேட்டரி மூன்றாம் நாளில் பாதிக்குக் கீழே இறங்கிவிடும், உறைபனிக் காலையில் செல்ஃப் எடுக்காது. வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வண்டி எடுப்பவர்களுக்குச் சாதாரண புளூடூத் செட்டே நல்லது.

சீட்டுக்கு நல்ல நெசவுத்துணிக் கவர் போடுங்கள். ரெக்சின் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் அடியில் ஃபோம் ஈரமாகவே இருந்து பூஞ்சை பிடிக்கும். சீட் அமுங்கினால் கவருக்கு முன் அடி ஸ்பிரிங்கைப் பாருங்கள்.

குளிர்தானே என்று ஏசியை மாதக்கணக்கில் போடாமல் விடுகிறார்கள். வாரம் ஒரு தடவை பத்து நிமிஷம், ஹீட்டரோடு சேர்த்து, வெளிக்காற்றைத் திறந்துவைத்துப் போடுங்கள். உள் ஈரம் இறங்கும், கம்ப்ரசர் சீலும் காயாது. புது வேலைக்குப் பின் முதல் பெருமழை பெய்த மறுநாள், முன்சீட்டுக்கு முன்னால் கார்பெட் மூலையைத் தூக்கி ஃபெல்ட்டில் கைவைத்துப் பாருங்கள். ஈரம் தட்டினால் வாசனை ஸ்பிரே அடித்து மூடாமல், ஹோஸை எடுத்து மறுபடி கதவின் அடியிலிருந்து தேட ஆரம்பியுங்கள்.