கல்யாணம் ஆகாதவரின் டிரங்குப் பெட்டி

செட்டிநாட்டில் ஒரு வீடு பாகம் பிரியும்போது தேக்குத் தூணுக்கும் எனாமல் பாத்திரத்துக்கும் விலை சொல்ல உடனே ஆள் வந்துவிடும். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் அப்படி வந்த சாமான்களைக் கடை கடையாகப் பார்க்கலாம். காகிதத்தைத்தான் யாரும் தேடி வருவதில்லை. குடும்ப ஆவணங்களைச் சுத்தம் செய்து, ஸ்கேன் எடுத்து, பட்டியல் போட்டுத் தருவது என் தொழில். பேரேடு, இசைகுடிமானம் என்கிற கல்யாண ஒப்பந்த ஏடு, சொத்துப் பத்திரம் எல்லாவற்றையும் பயபக்தியோடு எடுத்துத் தருவார்கள். ஓரமாக ஒரு டிரங்குப் பெட்டி நிற்கும். கேட்டால், "அது சின்னய்யா பெட்டி. கல்யாணம் காட்சி இல்லாம இருந்தவரு, அதுல என்ன இருக்கப்போகுது" என்பார்கள்.

நகரத்தார் என்கிற செட்டிநாட்டுச் செட்டியார்களின் பதிவு முறையே கல்யாணத்தின் மேல் கட்டப்பட்டது. தங்கள் குலக் கோயிலில் பதிந்து, அங்கிருந்து மாலை வந்து, கல்யாணம் முடிந்தால்தான் ஒரு புள்ளி, அதாவது கணக்கில் ஒரு குடும்பம். கோயில் வரியும் புள்ளிக் கணக்குதான். கடைசிவரை தனியாக இருந்த ஆணுக்கு அந்த ஏட்டில் இடம் கிடையாது. ஊருக்காகக் கல்யாணம் செய்துகொண்டவருக்கு இடம் உண்டு, ஆனால் அவர் மனசு யார் பக்கம் இருந்தது என்பதை ஏடு சொல்லாது. அதனால் இந்தப் பக்கத்துத் தன்பாலீர்ப்பு ஆண்களின் வரலாறு ஏட்டில் அகப்படாது. அகப்பட்டால் இந்த மாதிரிப் பெட்டியில்தான் அகப்படும். அதுவும் குறைவாகத்தான் இருக்கும். 1862-ல் அமலுக்கு வந்த தண்டனைச் சட்டத்தில் ஆணோடு ஆண் உறவைக் குற்றமாக்கிய 377-வது பிரிவு தலைக்கு மேல் இருந்தபோது யார் விவரமாக எழுதி வைப்பார்கள்? பர்மாவுக்கோ மலாயாவுக்கோ வட்டிக்கடைக்குப் போனாலும் அங்கேயும் அதே பிரிவு, அதே எண்தான். இங்கே 2009-ல் டில்லி உயர் நீதிமன்றம் விலக்குத் தந்தது, 2013-ல் உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிப் போட்டது, 2018 செப்டம்பர் 6-ல்தான் மறுபடி விடிந்தது. இப்படி ஆடிய சட்டத்தைப் பார்த்தவர்கள் இன்னும் வாயைத் திறக்கத் தயங்கினால் அதில் ஆச்சரியம் இல்லை.

சரி, பெட்டியைத் திறந்தாகிவிட்டது. ஸ்டுடியோவில் தோளோடு தோள் சேர்ந்து நின்று எடுத்த படம், ஒரே ஆளிடமிருந்து வருஷக்கணக்காக வந்த கடிதங்கள், கேசட் என்று ஏதாவது இருக்கலாம். இங்கே ஆர்வலர்கள் செய்யும் அவசரம் எனக்குப் பிடிப்பதில்லை. வட்டிக்கடைக்காரர்கள் சிங்கப்பூரிலும் பினாங்கிலும் கிட்டங்கி என்கிற கடையும் தங்குமிடமும் சேர்ந்த கட்டடத்தில் ஆண்களாகவே சேர்ந்து தங்கினார்கள். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழ். அதை வைத்து மட்டும் யாருக்கும் பட்டம் கட்ட முடியாது. அந்தக் காலத்து ஆண்கள் கைகோத்துப் படம் எடுத்துக்கொள்வது சாதாரணம். அட்டவணையில் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுதுவேன்: இரண்டு ஆண்கள், இந்த ஸ்டுடியோ, பின்பக்கத்தில் இந்த வாசகம். ஆனால் அதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. "நண்பர்" என்று ஒரே சொல்லில் போட்டுக் கட்டுக்குள் சொருகிவிட்டால், நாளைக்குத் தேடுகிறவர் கைக்கு அது வரவே வராது. கடிதங்களின் வரிசையைக் கலைக்காதீர்கள். யார், எத்தனை அடிக்கடி எழுதினார் என்பதும் சாட்சிதான்.

பராமரிப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லேமினேஷன் வேண்டாம், செல்லோடேப் வேண்டவே வேண்டாம். கேசட்டின் மேல் விளிம்பில் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிட்டால் தவறி மேலே பதிவாகாது. ஸ்கேன் எடுத்த கோப்புகளை இரண்டு மூன்று இடங்களில் வையுங்கள்.

செட்டிநாடு என்றால் பெரிய வீடுகள் மட்டும் இல்லை. சமையல்காரர், கொத்தனார், பஸ் கண்டக்டர், ஆத்தங்குடித் தரைக்கல் வார்ப்பவர் இவர்களில் பலருக்குப் பெட்டியும் இருக்காது, கடிதமும் இருக்காது. அவர்களிடமிருந்து குரலைத்தான் வாங்க வேண்டும். வயதானவர் பேச முன்வந்தால், இடத்தை அவரே தேர்ந்தெடுக்கட்டும். பதிவு செய்யச் சம்மதமா, வைத்திருக்கச் சம்மதமா, அடுத்தவருக்குக் காட்டச் சம்மதமா என்று மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். கதையில் வரும் இன்னொருவர் சம்மதம் தரவில்லை என்பதையும் மறந்துவிடக் கூடாது. அவருக்குப் பேரப்பிள்ளைகள் இருக்கலாம்.

பகிரும்போதுதான் இந்த மண்ணுக்கென்று ஒரு சிக்கல் வருகிறது. ஊர் உலகத்தில் பெயரை மறைக்க முதலெழுத்து மட்டும் போடுவார்கள். இங்கே அதைச் செய்தால் கெட்டது காரியம்! விலாசம் என்று இங்கே சொல்வது முகவரியை அல்ல, பெயருக்கு முன்னால் வரும் குடும்ப முதலெழுத்துகளை. அதில் இரண்டு மூன்று எழுத்தைப் பார்த்தாலே எந்த வளவு (பங்காளிகளின் பொது வீடு), எந்தக் கோயில் என்று தேவகோட்டையில் உட்கார்ந்து சொல்லிவிடுவார்கள். பெயர் இருந்தாலும் இருக்கட்டும், விலாசத்தை எடுத்துவிடுங்கள். கோயிலையும் கடை இருந்த ஊரையும் சேர்த்துச் சொல்லாதீர்கள். செல்போனில் எடுத்த படத்தில் இடக்குறிப்பு ஒட்டிக்கொண்டிருக்கும், அதையும் நீக்க வேண்டும்.

எங்கே கொடுப்பது என்று கேட்பவர்களுக்கு: பெங்களூரு தேசிய சட்டப் பள்ளியில் கம்ரா (QAMRA) என்ற பால்புதுமையர் (குயர்) ஆவணக் காப்பகம் இயங்குகிறது. கொடுக்கும் முன் இத்தனை வருஷம் யாரும் பார்க்கக் கூடாது என்று நிபந்தனை போட முடியுமா என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். துண்டுக் காகிதத்துக்கு மதிப்பு உண்டா என்று சந்தேகப்படுபவர்கள் கோட்டையூர் ரோஜா முத்தையாவை நினைத்துக்கொள்ளலாம். கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ் எல்லாவற்றையும் சேர்த்தவர் அவர். 1992-ல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. இன்று அது சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக இருக்கிறது.

தனியாக வாழ்கிற, இப்போது உயிரோடு இருக்கிற ஆண்களுக்கு ஒன்று. உயில் இல்லாமல் நீங்கள் போனால் உங்கள் கடிதமும் படமும் தாய், அவர் இல்லாவிட்டால் தந்தை, பிறகு உடன்பிறந்தார், அவர்கள் பிள்ளைகள் என்று இந்து வாரிசு முறைப்படிதான் போகும். கூடவே வாழ்ந்தவருக்கு அதில் உரிமை இல்லை. 2023 அக்டோபரில் தன்பாலினத் திருமணத்தை அங்கீகரிக்க உச்ச நீதிமன்றம் மறுத்ததால் அந்த நிலை அப்படியே இருக்கிறது. உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, பதிவும் கட்டாயமில்லை. வெள்ளைத்தாளில் எழுதி, இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்துப் போட்டு, அவர்களிடமும் கையெழுத்து வாங்கினால் செல்லும். நிலம், நகைக்குக் கீழே "என் கடிதங்கள், புகைப்படங்கள், செல்போன்" என்று ஒரு வரி சேர்த்து, யாருக்கு என்று பெயர் எழுதிவிடுங்கள்.