ஆக்சிஜன் குறைந்த இதயத்துக்கு எரிபொருளை மாற்றிக் கொடுப்பது எப்படி?

ஏறத்தாழ 300 கிராம் எடையுள்ள இதயம் நாளொன்றுக்குச் சுமார் ஒரு லட்சம் முறை துடிக்கிறது. இந்த வேலைக்கு வேண்டிய ஆற்றலை வழங்கும் ஏடிபி என்னும் மூலக்கூறு இதயத்தசையில் சில நொடிகளுக்கு மட்டுமே கையிருப்பாக உள்ளது. ஆகவே, உயிரணுக்களுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள் ஆக்சிஜனைக் கொண்டு அதை இடைவிடாமல் உருவாக்கிக்கொண்டே இருக்க வேண்டியுள்ளது. இதயத்தசைக்கு ரத்தம் கொண்டுவரும் கரோனரி தமனிகள் கொழுப்புப் படிவால் குறுகிப்போனவர் மாடிப்படி ஏறும்போது நெஞ்சில் அழுத்தத்தை உணர்கிறார் என்றால், அந்த நேரத்தில் கூடும் ஆக்சிஜன் தேவைக்கு ஏற்ப ரத்த ஓட்டம் கூடவில்லை என்று பொருள்.

வழக்கமான சிகிச்சைகள் இந்த வரவு செலவைத்தான் சரிசெய்ய முயல்கின்றன. பீட்டா தடுப்பான்கள் இதயத்துடிப்பின் வேகத்தைக் குறைத்துத் தேவையைச் சுருக்குகின்றன. ஸ்டென்டும் பைபாஸ் அறுவையும் வரவைப் பெருக்குகின்றன. வளர்சிதை மாற்ற சிகிச்சை மூன்றாவது வழியைத் தேர்ந்தெடுக்கிறது: வந்து சேரும் ஆக்சிஜன் அதே அளவில் இருக்க, அதிலிருந்து கூடுதல் ஆற்றலைப் பெறச் செய்வது.

இயல்பு நிலையில் இதயம் தனக்கு வேண்டிய ஆற்றலில் ஏறத்தாழ 60 முதல் 70 விழுக்காட்டைக் கொழுப்பு அமிலங்களிலிருந்தும், எஞ்சியதில் பெரும்பகுதியைக் குளுக்கோஸ், லாக்டேட் ஆகியவற்றிலிருந்தும் பெறுகிறது. கொழுப்பு அமிலங்களில் ஒன்றான பால்மிடிக் அமிலத்தின் ஒரு மூலக்கூறு முழுமையாக எரிய 23 ஆக்சிஜன் மூலக்கூறுகள் தேவை. கிடைப்பது சுமார் 105 ஏடிபி. குளுக்கோஸ் மூலக்கூறு ஒன்றுக்கு 6 ஆக்சிஜன் மூலக்கூறுகள் செலவாகிச் சுமார் 31 ஏடிபி கிடைக்கிறது. செலவான ஒவ்வோர் ஆக்சிஜனுக்கும் கணக்கிட்டால் குளுக்கோஸ் தரும் ஆற்றல், கொழுப்பு அமிலம் தருவதைவிடப் பத்து விழுக்காட்டுக்கும் சற்றே கூடுதல். ஆக்சிஜன் தாராளமாகக் கிடைக்கும் வரை யாரும் பொருட்படுத்தத் தேவையில்லாத வேறுபாடு இது.

இவ்விரு எரிபொருள்களும் ஒன்றையொன்று தடுக்கின்றன என்பதை உயிர்வேதியியலாளர் பிலிப் ராண்டிலும் அவருடைய சகாக்களும் 1963இல் விளக்கினர். கொழுப்பு அமிலம் எரியும்போது உருவாகும் பொருள்கள், குளுக்கோஸிலிருந்து வந்த பைருவேட் மைட்டோகாண்ட்ரியாவில் எரிக்கப்படுவதற்கான முதல் படியிலுள்ள நொதியை அடக்கிவிடுகின்றன. ரத்த ஓட்டம் குறையும்போது சிக்கல் இங்கேதான் முற்றுகிறது. குளுக்கோஸ் ஆக்சிஜன் இன்றிப் பாதி வழி வரை வேகமாகச் சிதைகிறது. மேற்கொண்டு எரிய வழியில்லாததால் லாக்டேட்டும் அமிலத்தன்மையும் உயிரணுவில் சேர்கின்றன. அமிலத்தை வெளியேற்றும் முயற்சியில் சோடியம் உள்ளே புக, அதைத் தொடர்ந்து கால்சியமும் மிகுகிறது. சுருங்குவதற்குப் பயன்பட வேண்டிய ஏடிபி இந்த அயனிகளை வெளியேற்றவே வீணாகிறது. என் பார்வையில், முன்சொன்ன பத்து விழுக்காட்டுக் கணக்கைவிட இந்த வீண்செலவைத் தவிர்ப்பதே சிகிச்சையின் முக்கிய ஆதாயம்.

டிரைமெட்டாசிடின் என்னும் மருந்து, கொழுப்பு அமிலச் சிதைவின் இறுதிப் படியில் செயல்படும் தயோலேஸ் நொதியைத் தடுப்பதாகக் கருதப்படுகிறது. கொழுப்பு எரிவது குறைய, பைருவேட்டுக்கு வழி திறக்கிறது. நாடித்துடிப்பையோ ரத்த அழுத்தத்தையோ இது குறைப்பதில்லை என்பதால், அவை ஏற்கெனவே தாழ்ந்திருக்கும் நோயாளிக்கும் பிற மருந்துகளுடன் சேர்த்துக் கொடுக்க முடிகிறது. இடது கீழறை ரத்தத்தை வெளித்தள்ளும் திறன் மேம்பட்டதாகச் சிறிய ஆய்வுகள் சில காட்டியுள்ளன. இதே வகையில் சேர்த்துப் பேசப்பட்ட ரனோலசின் என்னும் மருந்து, வழக்கமான அளவில் முக்கியமாக உயிரணுவுக்குள் சோடியம் கசிவதைத் தடுத்தே பயன் தருகிறது என்பது பின்னர் தெரியவந்தது.

இத்தனை தெளிவான செயல்முறை இருந்தும், பெரிய சோதனை ஏமாற்றமே தந்தது. ஸ்டென்ட் சிகிச்சை வெற்றிகரமாக முடிந்த 6,007 பேரிடம் நடத்தப்பட்டு 2020இல் வெளியான ஏடிபிசிஐ ஆய்வில், டிரைமெட்டாசிடின் எடுத்தவர்களுக்கும் போலி மாத்திரை எடுத்தவர்களுக்கும் இடையே இதய மரணத்திலோ மீண்டும் தலைதூக்கும் நெஞ்சுவலியிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அடைப்பு நீக்கப்பட்டு ஆக்சிஜன் தட்டுப்பாடு பெரும்பாலும் தீர்ந்தவர்களிடம், தட்டுப்பாட்டுக்கான மருந்து வேலை காட்ட இடம் குறைவு என்று வாதிடலாம். அதை நான் ஓரளவு ஏற்கிறேன். ஆயினும் ஆயுளை நீட்டிக்கும் மருந்து என்று இதைச் சொல்ல ஆதாரம் இல்லை. முதல்நிலை மருந்துகளால் நெஞ்சுவலி அடங்காதவருக்கோ அவற்றைத் தாங்க முடியாதவருக்கோ சேர்க்கப்படும் துணை மருந்து என்பதே இதன் இடம்.

கைநடுக்கம், தசை விறைப்பு போன்ற பார்க்கின்சன் நோய்க்குரிய அறிகுறிகளை இது உண்டாக்கக்கூடும் என்பதால், ஐரோப்பிய மருந்து முகமை 2012இல் இதன் பயன்பாட்டை நெஞ்சுவலிக்கு மட்டும் எனச் சுருக்கியது. பார்க்கின்சன் நோயாளிகளுக்கும் சிறுநீரகச் செயல்பாடு மிகவும் குன்றியவர்களுக்கும் இதைக் கொடுப்பதில்லை.