அலாவுதீன் விளக்கு எரிந்தால் வண்டியை நிறுத்துங்கள்

மேட்டுப்பாளையத்தில் பட்டறை வைத்திருப்பதில் ஒரு வசதி உண்டு. குன்னூர் மலையும் கோத்தகிரி மலையும் வண்டிகளைச் சோதித்து எனக்கு அனுப்பிவிடும். கோவை ரோட்டில் மாதக்கணக்கில் ஒளிந்திருக்கும் கோளாறு, கல்லாறு தாண்டி நாலு கொண்டை ஊசி வளைவு ஏறியதும் வெளியே வந்துவிடும். அப்படி வருகிறவற்றில் நான் அதிகம் பயப்படுவது ஆயில் லைட்டுக்குத்தான். மூக்கு நீண்ட குடுவையிலிருந்து ஒரு சொட்டு விழுகிற மாதிரி டாஷ்போர்டில் சிவப்பாக எரியுமே, அது. எங்கள் பக்கத்து டிரைவர்கள் சிலர் அதை அலாவுதீன் விளக்கு என்பார்கள்.

பிரேக் போனால் காலுக்குத் தெரியும். ரேடியேட்டர் கொதித்தால் புகை காட்டிக்கொடுக்கும். ஆயில் லைட் எரிந்தாலோ வண்டி கொஞ்ச நேரம் நன்றாகவே ஓடும். "லைட் மட்டும்தானுங்க எரியுது, வண்டி நல்லாத்தான் இழுக்குது" என்று பர்லியாறிலிருந்து இறக்கிக்கொண்டே வந்தவர்கள் உண்டு. பட்டறை வாசலில் வந்து நின்றபோது இன்ஜினுக்குள் சுத்தியலால் தட்டுகிற சத்தம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பழைய கார்களில் அந்த விளக்கு ஆயில் அளவைக் காட்டுவதில்லை, பிரஷரைக் காட்டுகிறது. இன்ஜின் பிளாக்கில் திருகியிருக்கும் ஒரு சின்ன சுவிட்சுதான் அதை எரியவைக்கிறது. பிரஷர் இல்லாதபோது அந்த சுவிட்ச் ஒயரை எர்த்தோடு சேர்க்கும், விளக்கு எரியும். பிரஷர் வந்ததும் பிரித்துவிடும். பெரும்பாலான கார்களில் இது நடப்பது 3 முதல் 7 பிஎஸ்ஐக்குள் (பிஎஸ்ஐ என்பது பிரஷரை அளக்கும் அலகு). நல்ல இன்ஜின் நெடுஞ்சாலை வேகத்தில் 40, 50 பிஎஸ்ஐ காட்டும். 50 இருக்க வேண்டிய இடத்தில் 15 இருந்தால்கூட விளக்கு வாயைத் திறக்காது. அது எரிகிறது என்றால் கிட்டத்தட்ட எல்லாம் போய்விட்டது என்று அர்த்தம்.

பிஸ்டன்கள் சுற்றிவிடும் தண்டுதான் கிராங்க் ஷாஃப்ட். அது தன்னைத் தாங்கும் பேரிங்கின் மேல் நேரடியாக உட்கார்ந்து சுற்றுவதில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு மில்லிமீட்டரில் சில நூறில் ஒரு பங்கு இடைவெளிதான். அதில் ஆயில் படலமாக நிற்கிறது, கிராங்க் அதன் மேல் மிதக்கிறது. ஆயில் பம்ப்பின் வேலை ஆயிலைத் தள்ளுவது மட்டும். அந்த ஆயில் இடுக்குகள் வழியாக வெளியேறத் திணறுவதால்தான் பிரஷர் உண்டாகிறது. தோட்டத்து ஹோஸ் முனையைக் கட்டைவிரலால் அழுத்தினால் தண்ணீர் சீறும், விரலை எடுத்தால் சொதசொதவென்று விழும். பேரிங் தேய்வது விரலை எடுப்பது மாதிரி. பம்ப் புதிதாக இருந்தாலும் பிரஷர் நிற்காது.

சரி, ரோட்டில் எரிந்தால் என்ன செய்வது? ஓரங்கட்டி உடனே இன்ஜினை நிறுத்துங்கள். ஐடிலிங்கில் விட்டுவிட்டு இறங்கிப் பார்க்க வேண்டாம். சமதளத்தில் பத்து நிமிடம் நின்றபின் ஆயில் அளவு பார்க்கும் கம்பியை, அதாவது டிப்ஸ்டிக்கை உருவி, துடைத்து, மறுபடி விட்டு எடுங்கள். ஆயில் குறைவாக இருந்தால் ஊற்றிவிட்டு ஸ்டார்ட் செய்யலாம். சில நொடிகளில் விளக்கு அணைந்தால் மெதுவாக மெக்கானிக்கிடம் போகலாம். அணையாவிட்டால் கயிறு கட்டி இழுப்பதுதான். வளைவிலும் பிரேக் அடிக்கும்போதும் மட்டும் விளக்கு மினுக்கினால் பெரும்பாலும் அளவு குறைந்திருக்கும். மலைச்சரிவில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்க, ஆயிலை உறிஞ்ச வேண்டிய வலை (ஸ்ட்ரெய்னர்) காற்றை உறிஞ்சுகிறது.

டிப்ஸ்டிக்கில் அளவு கோட்டுக்கு மேலே இருந்தால் "நல்லவேளை, நிறைய இருக்கு" என்று நினைத்துவிடாதீர்கள். முகர்ந்து பாருங்கள். கார்ப்பரேட்டர் காலத்து மாருதி 800 போன்ற வண்டிகளில் பெட்ரோல் பம்ப் இன்ஜினோடு சேர்ந்தே இருக்கும். வயதாகி உள்ளே இருக்கும் டயஃப்ரம் என்ற சவ்வு கிழிந்தால் பெட்ரோல் ஆயிலோடு கலக்கும். அளவு ஏறும், ஆயில் தண்ணீர் மாதிரி ஆகும், பிரஷர் படுத்துவிடும். ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. இரண்டிலும் வண்டியை ஓட்டக் கூடாது.

மலை இறங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டாதீர்கள். பிரேக்குக்கு ஆபத்து என்பது எல்லோருக்கும் தெரியும். ஏறி வந்த சூட்டில் ஆயில் இளகியிருக்கும்போது ஐடிலிங்கில் விட்டால் தேய்ந்த இன்ஜினுக்கு அதுவும் கெடுதல். கியரில் இறங்கினால் பம்ப் நன்றாகச் சுற்றும்.

பட்டறைக்கு வந்த பிறகு நான் முதலில் பார்ப்பது விளக்கு உண்மை பேசுகிறதா என்று. சுவிட்சிலிருந்து ஒயரைக் கழற்றினால் விளக்கு அணைய வேண்டும். அணையாவிட்டால் ஒயர் எங்கோ உரசி எர்த் ஆகியிருக்கிறது. அந்த ஒயரை இன்ஜின் மேல் வைத்தால் எரிய வேண்டும். எரியாவிட்டால் பல்பு போயிருக்கிறது, அல்லது ஒயர் அறுந்திருக்கிறது. சும்மா எரிகிற விளக்கைவிட எரியாத விளக்குதான் மோசம். அதனால்தான் சாவியைத் திருப்பியதும், இன்ஜின் ஓடுவதற்கு முன், அந்தச் சிவப்பு எரிகிறதா என்று தினமும் பார்க்கச் சொல்கிறேன்.

பழைய கார் வாங்குகிறவர்களுக்கு இன்னொன்று. பல வருடம் முன்பு ஒருவர் வாங்கிய வண்டியைப் பார்க்கக் கொண்டுவந்தார். சாவி போட்டதும் பேட்டரி லைட்டும் ஆயில் லைட்டும் எரிந்தன, ஸ்டார்ட் செய்ததும் இரண்டும் ஒரே நொடியில் அணைந்தன. அந்த ஒற்றுமைதான் உறுத்தியது. ஆயில் லைட் அணைய எப்போதும் ஒரு கணம் கூடுதலாகும். டாஷ்போர்டைக் கழற்றினால் ஆயில் லைட்டின் ஒயரை வெட்டி பேட்டரி லைட்டோடு முடிந்து வைத்திருந்தார்கள். ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஆனால் போதும், ஆயில் லைட் நல்ல பிள்ளையாக அணைந்துவிடும். விற்றவர் செய்தாரா, அவருக்கு முந்தையவர் செய்தாரா, தெரியாது. செய்தவன் எலக்ட்ரிக்கல் வேலை தெரிந்தவன்.

ஒயர் சரி என்றால் அடுத்தது கேஜ். சுவிட்சைக் கழற்றிவிட்டு அதே ஓட்டையில் முள் காட்டும் பிரஷர் கேஜைத் திருகி, இன்ஜின் நன்றாகச் சூடாகும்வரை ஓட்டிப் பார்ப்பது. குளிர்ந்த இன்ஜினில் எடுத்த அளவு எதற்கும் உதவாது. கெட்டியான ஆயில் எந்த இன்ஜினையும் நல்லதாகக் காட்டும். ஒவ்வொரு 1000 ஆர்பிஎம்முக்கும் 10 பிஎஸ்ஐ இருக்க வேண்டும் என்பது பழைய பட்டறைக் கணக்கு. கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதுதான் கணக்கு. அரை மணி நேர வேலை. இதைச் செய்யாமல் சுவிட்சை மாற்றுகிறவர்களும், நேராக இன்ஜினைப் பிரிக்கச் சொல்கிறவர்களும் என் பார்வையில் ஒரே ரகம்.

முள் எங்கே நிற்கிறது என்பதைவிட எப்படி நகர்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. போன மழைக்காலத்தில் கோத்தகிரியிலிருந்து ஒரு 800 வந்தது. வண்டிக்கு வயது இருபதுக்கு மேல். உரிமையாளர் ஓய்வுபெற்ற வாத்தியார். இரண்டு இடத்தில் பார்த்துவிட்டு வந்திருந்தார். ஒரு இடத்தில் சுவிட்சை மாற்றியிருந்தார்கள். இன்னொரு இடத்தில் 20டபிள்யூ50 என்ற கெட்டி ஆயிலை ஊற்றி, "பேரிங் போயிடுச்சு, இன்ஜின் இறக்கணும்" என்று சொல்லியிருந்தார்கள்.

"எப்பங்க சார் எரியுது?"

"மேட்டுல செகண்ட் கியர்ல ஏறும்போது தம்பி. நின்னா அணைஞ்சுடுது. கெட்டி ஆயில் ஊத்தின பிறகு காலைல இன்னும் அதிகமா எரியுது."

இந்த இரண்டு வரி போதும். பேரிங் தேய்ந்த வண்டி இப்படிச் செய்யாது. அது சூடான ஐடிலிங்கில் மினுக்கும், ரேஸ் கொடுத்தால் அணைந்துவிடும். இது தலைகீழ். கேஜைப் போட்டேன். ஐடிலிங்கில் முள் கௌரவமாக நின்றது. ரேஸ் கொடுத்து அப்படியே பிடித்தால் ஏறுவதற்குப் பதில் நடுங்கிக்கொண்டே இறங்கியது. பம்ப் கேட்கிற ஆயில் அதற்குப் போய்ச்சேரவில்லை. கெட்டி ஆயில் கோத்தகிரிக் காலைக் குளிரில் இன்னும் மெதுவாகத்தானே ஏறும்!

வண்டிக்குக் கீழே படுத்துப் பார்த்தால் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பின் அடியில் உள்ளங்கை அளவு நசுங்கல். எஸ்டேட் ரோட்டில் கல்லில் இடித்தது, ஒழுகவில்லை என்பதால் யாரும் கவலைப்படவில்லை. ஆயிலை உறிஞ்சும் ஸ்ட்ரெய்னர் சம்ப்பின் தரைக்குச் சற்று மேலேதான் நிற்கும். தரை மேலே வந்தால் வாய் அடைபடும். சம்ப்பைக் கழற்றியபோது வலையில் பாதிக்கு மேல் கருப்பு வண்டலும், எப்போதோ யாரோ தாராளமாகப் பூசிய பேக்கிங் பேஸ்ட்டின் துணுக்குகளும் ஒட்டியிருந்தன. சம்ப்பைத் தட்டி நேராக்கி, ஸ்ட்ரெய்னரை மாற்றி, பைப் சேரும் இடத்தில் புது சீல் போட்டு, கையேட்டில் சொன்ன கிரேடு ஆயிலும் புது ஃபில்டரும் போட்டோம். கழற்றியது கழற்றியாயிற்று என்று கிராங்கோடு பிஸ்டன் ராடைச் சேர்க்கும் ஒரு பிக் எண்ட் கேப்பைத் திறந்து பார்த்தேன். பேரிங் சாம்பல் நிறத்திலேயே இருந்தது, மேல்பூச்சு தேய்ந்தால் தெரியும் செம்பு நிறம் தெரியவில்லை. இன்ஜின் பிழைத்தது.

கெட்டி ஆயிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதுதான் எல்லோரும் எடுக்கும் முதல் மருந்து. 100 டிகிரி சூட்டில் 30 கிரேடு ஆயிலின் கெட்டித்தன்மை 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸ் வரை, 50 கிரேடு 16.3 முதல் 21.9 வரை. அதனால் தேய்ந்த இன்ஜினில் 50ஐ ஊற்றினால் முள் ஏறத்தான் செய்யும், விளக்கும் அணையும். பொய் இல்லை. ஆனால் தேய்ந்தது தேய்ந்தபடியே இருக்கிறது, நமக்குத் தெரியாமல் போய்விட்டது, அவ்வளவுதான். விற்கும் அவசரத்தில் இருப்பவர்களுக்கு இது பிடித்த வைத்தியம். சம்பளத் தேதி வரும்வரை தள்ள வேண்டிய டாக்சிக்காரருக்கு நானே ஊற்றிக் கொடுத்திருக்கிறேன், அதைச் சொல்லியே கொடுத்தேன்.

ஐடிலிங்கிலும் குறைவு, ரேஸிலும் சரியாக ஏறவில்லை என்றால் பம்ப்பும் ரிலீஃப் வால்வும் பாக்கி. அந்த வால்வு பிரஷர் அளவு மீறாமல் ஆயிலைத் திருப்பி விடுவது. ஒரு தூசி சிக்கித் திறந்தபடி நின்றால் பிரஷர் நிற்காது. அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோல் இன்ஜினில் அதை வெளியிலிருந்தே ஒரு மூடியைக் கழற்றிப் பார்த்துவிடலாம். 800இல் அது முன்பக்க பம்ப்புக்குள் இருக்கிறது. டைமிங் பெல்ட்டும் சம்ப்பும் இறங்கினால்தான் கைக்கு வரும். அதனால் அந்த வேலையைக் கடைசியில் வைக்கிறேன். பேரிங் போய், கிராங்கைக் கடைந்து அதற்கேற்ற தடிமனான பேரிங் போடுகிற நிலை வந்தால், செலவு அந்த வண்டியின் சந்தை விலையோடு போட்டி போடும். அப்போது முடிவு வண்டிக்காரர் மனதைப் பொறுத்தது.

வாத்தியார் இப்போது ஏறுவதற்கு முன் என் வாசலில் நிறுத்தி டிப்ஸ்டிக்கைப் பார்த்துவிட்டுத்தான் போகிறார். போன வாரம் மூச்சிரைக்க வந்தார். "மறுபடியும் எரியுது தம்பி, பாத்ததும் நிறுத்திட்டேன்." நான் போய்ப் பார்த்தால் எரிந்தது பேட்டரி லைட். ஆல்டர்னேட்டர் பெல்ட் தளர்ந்திருந்தது. அந்த வண்டியில் தண்ணீர் பம்ப்பைச் சுற்றுவதும் அதே பெல்ட்தான் என்றேன். "அப்ப நான் நிறுத்தினது சரிதானே?" என்றார்.

பெல்ட்டை இறுக்கிவிட்டேன். காசு வாங்கவில்லை.