ஸ்டியரிங் லிங்கின் கிளியரன்ஸ்: சேர்வோவை மாற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

ஸ்டியரிங் ஒழுங்காகத் திரும்பவில்லை என்று என் வேலைத்தளத்துக்கு வருகின்ற ரொக் கிரோலர் (பாறைகளில் மெதுவாக ஏறி இறங்கும்) வகை ரிமோட் கார்களில் பெரும்பாலானவற்றில் பழுது சேர்வோவில் (ஸ்டியரிங்கைத் திருப்பும் சிறிய மோட்டார்ப் பெட்டியில்) தொடங்கியிருப்பதில்லை. சில்லுகளைத் திருப்பும் தண்டான லிங்க் காரின் வேறொரு பாகத்தில் போய் முட்டி நிற்கிறது. முட்டியது தெரியாத சேர்வோ தொடர்ந்து தள்ளிக்கொண்டே இருந்து, சூடேறி, பல்லுடைந்தோ சுருள் எரிந்தோ போகிறது. எரிந்ததைக் கழற்றிவிட்டு அதைவிடப் பலமான ஒன்றைப் பூட்டினால் வேலை முடிந்தது என்று நினைத்தவர்கள் அடுத்த தடவை வரும்போது லிங்கின் முனையும் சேர்ந்தே உடைந்திருக்கும்.

“அண்ணா, சேர்வோவுக்குப் பலம் காணாது, 35 கிலோ ஒண்டு போட்டுத் தாங்கோ” என்பதுதான் வழமையான கோரிக்கை. “முதல்ல லிங்கைக் கழட்டிப் பாப்பம் தம்பி” என்பது என் வழமையான பதில். அதற்குக் காரணம் மிக எளிய கணக்கு. 20 கிலோ-செ.மீ. என்று குறிக்கப்பட்ட சேர்வோ, அதன் அச்சிலிருந்து 1 செ.மீ. தூரத்தில் 20 கிலோ எடைக்குச் சமமான விசையைத் தரும். ஹோர்னின் (சேர்வோவின் அச்சில் பூட்டும் சிறு கையின்) துளை 2 செ.மீ. தூரத்தில் இருந்தால் லிங்கின் மேல் விழுவது 10 கிலோ. அதே ஹோர்னில் 35 கிலோ-செ.மீ. சேர்வோவைப் போட்டால் அது 17.5 கிலோவாகிறது. லிங்க் சுதந்திரமாக அசைந்தால் இந்த விசை சில்லைத் திருப்பப் பயன்படும். முட்டி நின்றால் முழுவதும் ஒரு 3 மி.மீ. போல்ட்டிலும் ஒரு பிளாஸ்டிக் முனையிலும் போய் இறங்கும். மின்சாரப் பக்கத்திலும் இதே கதைதான். பல கார்களில் வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டியினுள் இருக்கும் மின்வழங்கி 6 வோல்ட்டில் 3 அம்பியர் அளவுக்கே தாங்கும். அசைய முடியாமல் நிற்கும் பெரிய சேர்வோ அதைவிடக் கூடுதலாக இழுக்கும்போது வோல்ட் விழுந்து, ரிமோட்டின் சமிக்ஞையைப் பெறும் ரிசீவர் ஒரு கணம் அணைந்து மீண்டும் எழும்புகிறது. தரையில் ஓடும்போது அது ஒரு சிறிய தடுமாற்றம் மட்டுமே. கடலோரக் கல்லின் விளிம்பில் நிற்கும்போது அப்படி நடந்தால், கார் எந்தப் பக்கம் உருளும் என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

முன் அக்சிலில் ஸ்டியரிங்குக்காக இரண்டு லிங்குகள் வேலை செய்கின்றன. சில்லைத் தாங்கி அதனோடு திரும்பும் இரு பக்க நக்கிள்களையும் ஒன்றோடொன்று இணைப்பது டை ரொட். சேர்வோவின் ஹோர்னிலிருந்து ஒரு நக்கிளுக்குப் போவது டிராக் லிங்க். அக்சியலின் எஸ்.சி.எக்ஸ். 10-2, டிராக்ஸஸின் டி.ஆர்.எக்ஸ். 4 போன்ற கார்களில் சேர்வோ சேசிஸில் பொருத்தப்பட்டிருப்பதால், அக்சில் பக்கவாட்டில் ஓடாமல் பிடிக்க பன்ஹார்ட் ரொட் என்ற மூன்றாவது தண்டும் அங்கே குறுக்கே கிடக்கும். சேர்வோ அக்சிலின் மேலேயே இருக்கும் கார்களில் பன்ஹார்ட் தேவைப்படாமல் இருக்கலாம். ஆனால் அங்கே சேர்வோவே எழும்பி வந்து சேசிஸிலோ, அக்சிலைச் சேசிஸோடு பிடிக்கும் மேல் லிங்கிலோ இடிக்கும்.

கிளியரன்ஸ் என்று நாம் ஒரே சொல்லில் சொன்னாலும் அதில் இரண்டு வேறு விடயங்கள் அடங்கியிருக்கின்றன. ஒன்று, லிங்குக்கும் கீழேயுள்ள கல்லுக்கும் இடையிலான இடைவெளி. மற்றது, லிங்குக்கும் காரின் சொந்தப் பாகங்களுக்கும் இடையிலான இடைவெளி. அக்சிலுக்கு முன்னால் தாழ்வாகத் தொங்கும் டை ரொட் திருகோணமலைக் கன்னியாப் பக்கத்துப் பாறைகளில் முதல் அடியை வாங்குகிறது என்பதற்காக அதை நக்கிளின் மேற்பக்கத்துக்கு உயர்த்துகிறோம். உயர்த்திய அந்தச் சில மில்லிமீற்றர்களை, அக்சிலின் நடுவே பற்சக்கரங்களை மூடியிருக்கும் டிஃப் கவரிடமிருந்தோ பன்ஹார்ட்டிடமிருந்தோதான் எடுத்திருக்கிறோம் என்பது அக்சில் அமுங்கும்வரை தெரிய வராது. நான் பார்த்த லிங்க் பழுதுகளில் பெரும் பகுதி இப்படி ஒரு நல்ல நோக்கத்தோடு செய்த மாற்றத்தின் பின் வந்தவை.

ஆகவே கார் மேசையில் சும்மா நிற்கும்போது இடைவெளியைப் பார்த்துத் திருப்திப்படுவதில் பயனில்லை. மேசையில் 5 மி.மீ. தெரிந்த இடத்தில், ஷொக் முழுதாக அமுங்கிச் சில்லும் முழுதாகத் திரும்பிய நிலையில் ஒன்றுமே மிஞ்சாமல் போகலாம். சோதிக்கும் முறை இது: முன் ஷொக்குகளிலிருந்து ஸ்பிரிங்குகளை மட்டும் கழற்றிவிட்டு, ஷொக்குகளை அவற்றின் இடத்திலேயே மறுபடி பூட்ட வேண்டும். அப்போது அக்சிலை ஒரு விரலாலேயே மேலும் கீழும் கொண்டுபோகலாம். அடுத்து டிராக் லிங்கைச் சேர்வோவின் ஹோர்னிலிருந்து விடுவித்து, சில்லுகளைக் கையால் இடமும் வலமும் திருப்பிப் பார்க்க வேண்டும். கையிலேயே ஓரிடத்தில் இறுகினால் சேர்வோவின் மேல் பழி போட இடமில்லை. இந்தச் சோதனையை இரு பக்கமும் அமுங்கிய நிலையிலும், இரு பக்கமும் தொங்கும் நிலையிலும், ஒரு பக்கம் அமுங்கி மறுபக்கம் தொங்கும் நிலையிலும் செய்ய வேண்டும். கடைசியாகச் சொன்ன அந்தக் குறுக்கு நிலையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பாறையில் ஓடும் கார் பெரும்பாலான நேரம் இருப்பதோ அந்த நிலையில்தான்.

எங்கே உரசுகிறது என்று கண்ணால் பிடிக்க முடியாத இடங்களுக்கு நான் பள்ளிக்கூட வெண்கட்டியைப் பயன்படுத்துகிறேன். டிஃப் கவரின் முன்புறம், பன்ஹார்ட்டின் அடிப்பக்கம், கீழ் லிங்குகளின் முன்முனை, சில்லின் உட்புற விளிம்பு ஆகிய இடங்களில் வெண்கட்டியைத் தடவிவிட்டு, சஸ்பென்ஷனை எல்லா நிலைகளுக்கும் கொண்டுபோய்த் திரும்ப எடுத்தால், உரசிய இடத்தில் வெள்ளை அழிந்து கறுப்புக் கோடு ஒன்று மட்டும் தெரியும். கோடு மெல்லியதாக, ஒரே திசையில் இருந்தால் லிங்க் வழுக்கிச் செல்கிறது. புள்ளியாக அழிந்திருந்தால் அங்கே நேராகக் குத்தி நிற்கிறது. குத்தி நிற்பதுதான் சேர்வோவைக் கொல்வது. மோசமான நிலையிலும் ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீற்றர் மிஞ்சும்படி விடுவது என் பழக்கம், ஏனெனில் பிளாஸ்டிக் நக்கிளும் லிங்கின் முனையும் சுமையின்போது கொஞ்சம் வளைந்து கொடுக்கும்.

திருத்துவதில் முதலில் செய்ய வேண்டியது, பலருக்குப் பிடிக்காதது, அக்சில் மேலே வரும் தூரத்தைக் குறைப்பது. ஷொக்கின் தண்டில் வெளியே ஒரு சிறிய ரப்பர் வளையத்தையோ பிளாஸ்டிக் குழாய்த் துண்டையோ போட்டால், அது முழுதாக அமுங்காமல் தடுக்கும். 2 மி.மீ. குறைத்தால் தீருகிற முட்டலுக்காக லிங்கை வளைக்கவும் நக்கிளைத் துளைக்கவும் புறப்படுவது வீண் வேலை. அந்த 2 மி.மீ. போனதைக் கல்லில் ஓட்டும்போது எவரும் உணர்ந்து நான் கண்டதில்லை.

அதற்கும் மேல் இடைவெளி தேவைப்பட்டால் வொஷர் அல்லது ஸ்பேசர் வைத்து லிங்கின் முனையை உயர்த்தலாம். இங்கே ஓர் எல்லை உண்டு. நக்கிளில் ஒரு பக்கம் மட்டும் பிடித்திருக்கும் போல்ட்டின் மேல் லிங்க் எவ்வளவு உயரமாக உட்காருகிறதோ, அவ்வளவுக்கு அந்தப் போல்ட்டை வளைக்கும் நெம்பு நீளுகிறது. 3 மி.மீ. ஸ்பேசரை 6 மி.மீ. ஆக்கினால் வளைக்கும் திறன் ஏறத்தாழ இரட்டிக்கும். நான் 3 மி.மீ. தாண்டுவதில்லை, தாண்ட வேண்டியிருந்தால் லிங்கின் மேலும் கீழும் பிடிக்கும் வகையான நக்கிளை வாங்கச் சொல்வேன். போல்ட்டின் தரமும் இதில் சேரும். 12.9 என்று தலையில் குறித்த கறுப்பு உருக்குப் போல்ட்டின் இழுவைத் தாங்குதிறன் 1200 மெகா பஸ்கால்; கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் ஏ2-70 ஸ்டெயின்லெஸ் போல்ட்டுக்கு அது 700. பலத்தைப் பார்த்தால் முதலாவதுதான் சரி. ஆனால் நம் ஊர்க் கடற்காற்றில் கறுப்புப் போல்ட் துருப்பிடிக்க அதிக நாள் எடுக்காது. துருப்பிடித்தபின் அலன் கீ போடும் துளை தேய்ந்து, கழற்றவும் முடியாமல் போய்விடும். ஆகவே ஸ்டியரிங் பகுதிக்கு மட்டும் 12.9 போட்டு, தலையில் கிரீஸ் தடவி, மற்ற இடங்களுக்கு ஸ்டெயின்லெஸ் போடுவது நான் கண்ட சமரசம். உலோகம் உலோகத்தில் புரிகொள்ளும் இடங்களில் போல்ட் கழலாமல் பிடிக்கும் பசையான நீல நிற லொக்டைட் ஒரு துளி போதும். பிளாஸ்டிக்கில் அதைப் பூசக் கூடாது, சில வகைப் பிளாஸ்டிக்குகள் அதனால் வெடித்துப் பிளக்கும்.

வளைந்த லிங்க் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். நேரான தண்டு இழுவையையும் அழுத்தத்தையும் மட்டும் தாங்கினால் போதும். நடுவில் வளைத்தவுடன் ஒவ்வொரு தள்ளலிலும் அது மேலும் வளையப் பார்க்கிறது. அதைவிடப் பெரிய தொல்லை, இரு முனைகளிலும் உருண்டை மூட்டுகள் இருப்பதால் வளைந்த லிங்க் தன் நீளவாக்கில் புரண்டுவிடக்கூடியது. மேசையில் டிஃப் கவரைத் தாண்டி மேலே வளைந்து நின்ற தண்டு, ஓட்டத்தில் புரண்டு முன்னால் சாய்ந்து, தவிர்க்க நினைத்த அதே கல்லில் அடிபடும். அலுமினியத்தைக் குளிராக வைஸில் பிடித்து வளைத்தால் வளைவின் வெளிப்பக்கத்தில் மயிர்க்கோடு போன்ற வெடிப்பு விழவும் கூடும். வளைந்த லிங்க் போட்டே ஆகவேண்டும் என்றால் ஸ்டெயின்லெஸ் உருக்கில், வளைவு மிகக் குறைவாக, புரளும் எல்லையைக் கையால் சோதித்தபின் போடலாம்.

சேர்வோ சேசிஸில் இருக்கும் கார்களில், டிராக் லிங்கின் ஒரு முனையை மட்டும் உயர்த்திவிட்டு மற்றதைக் கவனியாமல் விடுவது வேறொரு பழுதைக் கொண்டுவரும். டிராக் லிங்கும் பன்ஹார்ட்டும் முன்னாலிருந்து பார்க்கும்போது ஒன்றுக்கொன்று சமாந்தரமாகவும், இயன்றவரை ஒரே நீளத்திலும் இருக்க வேண்டும். அப்படி இருந்தால் அக்சில் ஏறி இறங்கும்போது இரண்டும் ஒரே வில்லில் நகரும். சாய்வு வேறுபட்டால், ரிமோட்டைத் தொடாமலேயே அக்சில் அமுங்குந்தோறும் சில்லு தானாகத் திரும்பும். இது எங்கள் கராஜுக்கு வரும் பெரிய ஜீப்புகளிலும் அப்படியே உள்ள விதி. ஸ்பிரிங்கை உயர்த்திவிட்டு பன்ஹார்ட்டின் பிடியை உயர்த்தாமல் விட்ட ஜீப்பை ஓட்டியவருக்கு விளக்கம் தேவையில்லை.

சில்லின் உட்புறம் லிங்கின் முனையில் உரசினால் அகலம் கூடிய ஹெக்ஸ் (சில்லை அச்சோடு பிடிக்கும் அறுகோணத் துண்டு) போட்டுச் சில்லை வெளியே தள்ளலாம். வெளியே போகப் போகச் சில்லைத் திருப்பும் சுமை சேர்வோவுக்குக் கூடும் என்பதால், உரசல் தீரும் அளவுக்கு மேல் போக வேண்டாம்.

எல்லாம் சரியான பின்னரே சேர்வோவை மீண்டும் இணைக்க வேண்டும். முதலில் ரிமோட்டை, பிறகு காரைப் போட்டு, டிரிம் (சேர்வோவின் நடு நிலையைச் சற்று நகர்த்தும் அமைப்பு) பூச்சியத்தில் இருக்கும்போது ஹோர்ன் லிங்குக்குச் செங்குத்தாக நிற்கும்படி பூட்டி, பிறகு சேர்வோ எவ்வளவு தூரம் திரும்பலாம் என்று ரிமோட்டில் உள்ள எல்லை அமைப்பைக் குறைவாக வைத்து மெதுவாகக் கூட்ட வேண்டும். நக்கிள் தன் இயந்திரத் தடையைத் தொடுவதற்குச் சற்று முன் சேர்வோ நின்றுவிட வேண்டும். முழுதாகத் திருப்பிப் பிடித்திருக்கும்போது சேர்வோ முனகினால் அது இன்னும் எதையோ தள்ளிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஒரு படி குறைத்தால் முனகல் நின்றுவிடும். இடமும் வலமும் தனித்தனியாக அமைக்கப்பட வேண்டும், இரண்டும் அநேகமாகச் சமமாக வராது.

உப்புவெளி, நிலாவெளி மணலில் ஓட்டுபவர்கள் வீட்டுக்கு வந்ததும் பற்றறியைக் கழற்றிவிட்டு, லிங்க் முனைகளை நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிட வேண்டும். உருண்டை மூட்டுக்குள் போன மணல் அதை உள்ளிருந்தே தேய்த்து ஆட்டத்தை உண்டாக்கும். நீங்கள் அளந்து விட்ட இரண்டு மில்லிமீற்றரை அந்த ஆட்டமே தின்றுவிடும். ஆட்டம் கண்ட முனைகளை ஒன்றை மட்டும் மாற்றாமல் சோடியாக மாற்றுங்கள்.

திருத்துவதற்குக் காரைக் கொண்டு வருபவர்கள் ரிமோட்டையும் சேர்த்தே கொண்டு வரவும். எல்லை அமைப்புகள் காரில் அல்ல, ரிமோட்டில்தான் சேமிக்கப்பட்டிருக்கின்றன. அது இல்லாமல் லிங்கைச் சரிசெய்து கொடுத்தாலும், பழைய எல்லையில் நீங்கள் முதல் தடவை முழுதாகத் திருப்பும்போதே சேர்வோ மறுபடி போய் முட்டும். ஏற்கெனவே கழற்றிப் பார்த்திருந்தால், கழற்றிய வொஷர்களை எந்தப் பக்கத்தில் எத்தனை இருந்தன என்று குறித்து ஒரு பையில் போட்டுத் தாருங்கள்.